தாண்டாமல் உட்கார்ந்த பதின்மூன்று மணி நேரம்

தங்கா பத்து,
மலாக்கா.
20.1.1996

அன்பு மகள் வாணிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை சுகுமாரனும் வயிற்றில் வளரும் பிள்ளையும் அந்த லீட்ஸ் குளிரிலும் ஒரு குறையில்லாமல் இருக்க மாரியம்மாளைத் தினமும் வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் தம்பி விமலனும் சுகமாக இருக்கிறோம், இந்தத் தடவை அது பொய்யில்லாத சுகம். ஏன் இப்படி எழுதுகிறேன் என்பது போகப் போகத் தெரியும். பொங்கல் நல்லபடியாக முடிந்தது. பக்கத்து வீட்டு மீனம்மா அக்கா வழக்கம்போல எனக்கு முன்னால் பொங்க வைத்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டு அடிப்பிடிக்க விட்டார், தெரு முழுக்க தீய்ந்த வாடை. உன் அப்பா கரும்பைக் கடித்து ஒரு பல்லை ஆட்டிக்கொண்டார். ஐம்பத்தெட்டு வயது ஆனது பல்லுக்குத் தெரிந்திருக்கிறது, அவருக்குத்தான் தெரியவில்லை. விமலன் புக்கிட் ரம்பாய் ஃபேக்டரியில் சூப்பர்வைசர் ஆகிவிட்டான், இனி வீட்டிலும் எங்களை மேற்பார்வை பார்க்கிறான்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஏழாம் மாத வளைகாப்புக்கு நானே வீட்டுக்கு வருகிறேன், மூன்று வாரம் இருந்துவிட்டுத் திரும்புகிறேன், அவரை டிக்கெட் பார்க்கச் சொல்லியிருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. உன் அப்பா அப்போதே பந்தலுக்கு ஆள் பார்க்கக் கிளம்பிவிட்டார். மீனம்மா அக்கா எலுமிச்சைச் சாதம் நான்தான் செய்வேன் என்று சண்டைக்கு வந்தார். நானும் இரண்டு நாள் அந்தச் சந்தோஷத்திலேயே இருந்தேன். வியாழக்கிழமை டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அந்தச் சந்தோஷம் போன இடம் தெரியவில்லை. எந்த டாக்டர், எதற்கு டாக்டர் என்றுதானே கேட்கிறாய்? சொல்கிறேன், பதறாமல் உட்கார்ந்து படி. நவம்பரில் உன்னிடமிருந்து திரும்பி வந்த பிறகு நான் ஒன்பது நாள் மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இப்போது நடக்கிறேன், சமைக்கிறேன், உன் அப்பாவோடு ஒரு நாளைக்கு இரண்டு சண்டை போடுகிறேன். அந்த ஒன்பது நாளில் நீ போன் செய்தபோதெல்லாம் அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள், மீனம்மா வீட்டில் இருக்கிறாள் என்று உன் அப்பா புளுகியது என் சொல்லால்தான். ஒரு வாய்க் கஞ்சி வயிற்றில் தங்காமல் மசக்கையில் கிடந்த பிள்ளையிடம் இதையும் சொல்ல வேண்டாம் என்று அவரிடமும் விமலனிடமும் சத்தியம் வாங்கிவிட்டேன். போனில் சொன்னால் நீயும் அழுவாய், நானும் அழுவேன், விஷயம் பாதியில் நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

விமானத்தில் மாப்பிள்ளை எனக்காக ஆசையாகக் கேட்டு ஜன்னல் ஓரத்துச் சீட் வாங்கிக் கொடுத்தார் அல்லவா, அத்தை வெளியே பார்த்துக்கொண்டே போகட்டும் என்று. அவர் மனசுக்கு நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன், இந்தப் பகுதியை மட்டும் அவரிடம் படித்துக் காட்டாதே. ஜன்னல் வழியே நான் பார்த்தது ஒரு இறக்கையைத்தான். எனக்கும் நடைபாதைக்கும் நடுவில் இரண்டு பேர். பக்கத்தில் ஒரு சீனப் பெண், பரீட்சை எழுதிய களைப்பு போல, சாப்பாடு வருமுன்பே தூங்கிவிட்டாள். அதற்கு அடுத்து வெள்ளைத் தொப்பி போட்ட மலாய்க்காரப் பெரியவர், நான் மாமா முறை வைத்து பாக்சிக் என்று கூப்பிட்டேன். அவர் இருந்த இடத்திலேயே தொழுதுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். முன் சீட்டுக்காரர் வயிறு நிறைந்ததும் சாய்வைத் தள்ளினார் பார், அவர் தலையில் பேன் பார்க்கலாம் போல அவ்வளவு கிட்டத்தில் வந்துவிட்டது. நான் ஐந்தடி, எனக்கே முழங்கால் முன்னால் இடிக்கிறது. நானும் சாயலாம் என்றால் பின்னால் ஒரு நெட்டை வெள்ளைக்காரர், அவர் முட்டி என் முதுகில் குத்துகிறது, நான் சாய்ந்தால் அந்த மனுஷன் காலை எங்கே கொண்டுபோய் வைப்பார்? சும்மா இருந்துவிட்டேன். நீ கட்டிக் கொடுத்த பையை மேலே வைத்தால் யாராவது எடுத்துவிடுவார்கள் என்று காலடியில் வைத்திருந்தேன், இருந்த கொஞ்ச இடத்தையும் நானே அடைத்துக்கொண்டேன்.

எழுந்து போக வேண்டும் என்றால் இரண்டு பேர் காலையும் தாண்ட வேண்டும். தூங்குகிறவர்களைத் தாண்டலாமா? நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது பாயில் தூங்கும் விமலனைத் தாண்டிவிட்டு ஓடுவாய், உன்னைப் பிடித்து இழுத்து வந்து திரும்பித் தாண்டு என்று தாண்ட வைப்பேன். அவன் இன்று ஐந்தடி எட்டு அங்குலம் வளர்ந்து நிற்பதற்கு அதுதான் காரணம் என்று இன்னமும் நம்புகிறேன், நீ சிரித்துக்கொள். சேலை கட்டிய நான் ஒரு காலைத் தூக்கி, வயதில் மூத்த, தொழுதுவிட்டுக் கண்மூடியிருக்கிற மனிதரின் மடிக்கு மேலே வைப்பதா? எழுப்பலாம் என்றால் அதற்கும் வாய் வரவில்லை. ஆகவே எழுந்திருக்கவே வேண்டிய தேவை வராதபடி செய்துகொண்டேன். தண்ணீர் கொண்டு வந்த பெண்ணிடம் தாக் அப்பா லா, வேண்டாம் வேண்டாம் என்று கையாட்டினேன். ஒரு மடக்குக் குடித்தால்தானே ஒதுங்கப் போக வேண்டும்? பதின்மூன்று மணி நேரம் வாணி, கடையில் அடுக்கிய சார்டின் டின்னுக்குள் இருக்கும் மீன் போல இருந்தேன். இடது கால் மரத்துப் போனது, பிறகு கனத்தது, பிறகு அது என் கால் என்ற நினைப்பே விட்டுப் போனது. அதையும் சகித்துக்கொண்டு, பரவாயில்லை, யாருக்கும் தொந்தரவு கொடுக்கவில்லை என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். பன்னிரண்டு வருஷம் ஃபேக்டரியில் நின்றபடியே கையுறை பொறுக்கிய கால், அதற்கு முன்னால் ரப்பர் தோட்டத்தில் மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கிப் பால் வெட்டிய கால், ஒன்றும் ஆகாதது, சும்மா உட்கார்ந்ததில் கெட்டுப்போனது.

சுபாங் ஏர்போர்ட்டில் இறங்கும்போது செருப்புக்குள் கால் நுழையவில்லை. அந்தப் பாக்சிக்தான் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டுத் திட்டினார். ஏன் என்னை எழுப்பவில்லை, நானும் மகள் வீட்டுக்குப் போய்விட்டுத்தான் வருகிறேன், என் மகளின் மாமியார் இப்படி உட்கார்ந்திருந்தால் நான் சும்மா இருப்பேனா என்று மலாயில் பொரிந்து தள்ளினார். முன்பு ஹஜ்ஜுக்குப் போனபோது இவ்வளவு இடிக்கவில்லை, இப்போது ஒரு வரிசை கூடப் போடுவதற்காக நம் முட்டியைக் கேட்கிறார்கள் என்றும் சொன்னார். பிறகு சக்கர நாற்காலி வரும்வரை தன் வீட்டாரைக் காக்க வைத்துவிட்டு என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். பேர் கூடக் கேட்கத் தோன்றவில்லை எனக்கு. அவர் இருக்கும் திசை தெரியாததால் எல்லாத் திசைக்கும் பொதுவாகக் கும்பிட்டுக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்துக் கெண்டைக்கால் சுட்டது, தொட்டால் உயிர் போகிறது. மீனம்மா அக்கா நல்லெண்ணெயைக் காய்ச்சி எடுத்து வந்து, வாயுதான், நாலு தேய் தேய்த்தால் ஓடிவிடும் என்று முந்தானையை இழுத்துச் செருகி உட்கார்ந்துவிட்டார். கையை வைக்கப் போகும் நேரம் அவர் மருமகள் தாரணி, பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாளே, டூட்டி முடிந்து வந்தவள் வாசலிலிருந்தே கத்தினாள். "அத்தை, கைய எடுங்க, தேய்க்காதீங்க" என்று அவள் போட்ட சத்தத்தில் எண்ணெய்க் கிண்ணம் கவிழ்ந்தது. ஒரு கால் இன்னொன்றை விடத் தடித்திருப்பதைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. உன் அப்பாவை வேனை எடுக்கச் சொல்லி அவளே கூட வந்து சேர்த்தாள். ரத்தம் காலில் ஓடாமல் உறைந்து நின்றுவிட்டதாம். தேய்த்திருந்தால் அந்தக் கட்டி கிளம்பி நெஞ்சுக்குப் போயிருக்கும், போயிருந்தால் இந்தக் கடிதத்தை வேறு யாராவது வேறு மாதிரி எழுதியிருப்பார்கள் என்று பிறகு தெரிந்தது. மீனம்மா அக்கா பாவம், ஒன்பது நாளும் எனக்குச் சோறு கொண்டு வந்தார், வரும்போதெல்லாம் அழுதார். உன் அப்பா அழவில்லை, கட்டிலைப் பிடித்துக்கொண்டு, "லாரி ஓட்டும்போதே ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ நிறுத்திட்டு எறங்கி நடப்பேன்லா, நீ மரம் மாதிரியா உக்காந்து வந்த" என்று ஏசினார். ஏசிய கையோடு என் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்து, போர்வையைச் சரி செய்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் என் காலைத் தொட்டது அப்போதுதான். வேண்டாங்க என்றால் சும்மா கிட என்பார். இந்த மனுஷனைக் கொடுத்ததற்கும் நான் நன்றி சொல்லத்தான் வேண்டும், அவர் காதில் விழாமல்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ரத்தத்தை இளக்கும் மாத்திரை இன்னும் சாப்பிடுகிறேன், அதற்காக மாதா மாதம் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். வியாழக்கிழமை போனபோது வாய் சும்மா இருக்காமல், என் மகள் வளைகாப்புக்கு வருகிறாள் டாக்டர், ஏழு மாதம் என்று பெருமையாகச் சொன்னேன். அந்தச் சீன டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார். உங்களுக்கு இப்படி ஆனது மகளுக்குத் தெரியுமா என்று கேட்டார். இல்லை என்றேன். கர்ப்பிணிகளுக்கு இது மற்றவர்களை விடச் சுலபமாக வரும், தாய்க்கு வந்திருந்தால் மகளுக்கு இன்னும் கவனம் வேண்டும், அவளைப் பார்க்கும் டாக்டருக்கு இது கட்டாயம் தெரிய வேண்டும் என்றார். உனக்கு நல்லது என்று நினைத்து மறைத்தது உனக்கே குழியாக இருந்திருக்கிறது. நான் தாண்டாமல் உட்கார்ந்தது முதல் தப்பு, சொல்லாமல் இருந்தது அதை விடப் பெரிய தப்பு, என்னை மன்னித்துக்கொள். அன்று சாயங்காலமே கோயிலுக்குப் போய் விளக்கு வைத்தேன். கட்டி என் காலில் வந்ததற்காக நன்றி சொன்னேன் வாணி. அது முதலில் என் காலில் வந்ததால்தானே நமக்குத் தெரிந்தது? ஏழு மாத வயிற்றோடு நீ அதே சீட்டில் வந்து உட்கார்ந்த பிறகு தெரிந்திருந்தால் நான் எந்தச் சாமியிடம் போய் முட்டிக்கொள்வேன்?

ஆகையால் நீ வர வேண்டாம். டிக்கெட் எடுத்திருந்தால் திருப்பிக் கொடுக்கச் சொல். முகத்தைச் சுருக்காதே, நான் வருகிறேன். உன் அப்பா முதலில் தாம்தூம் என்று குதித்தார், பட்டும் புத்தி வரவில்லையா என்றார். டாக்டரம்மாவிடமே அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்க வைத்தேன். மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும், இறுக்கமான காலுறை போட வேண்டும், தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்க வேண்டும், அப்படியென்றால் போகலாம், அங்கே ரத்தம் பார்க்கவும் கடிதம் தருகிறேன் என்றார். நடைபாதை ஓரத்துச் சீட் கேட்டிருக்கிறோம், ஆனால் அன்றைக்குக் கவுண்டரில்தான் உறுதியாகத் தெரியுமாம். கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று விமலன் ஹாலில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலியை நெருக்கிப் போட்டு என்னைச் சுவர் ஓரத்தில் உட்கார வைத்து, அவனும் உன் அப்பாவும் தூங்குவது போல் நடிக்கிறார்கள். நான் எக்ஸ்கியூஸ் மீ என்று தோளைத் தட்டி எழுப்ப வேண்டும், எழாவிட்டால் தாண்ட வேண்டும். விமலனைத் தாண்டிவிட்டேன். உன் அப்பாவிடம் வந்ததும் கால் எழவில்லை, அவர் நிஜமாகவே குறட்டை விட்டுத் தூங்கிவிட்டார் வேறு. மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு உன்னை நினைத்தேன், தாண்டிவிட்டேன். மீனம்மா அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார், தாரணி கை தட்டினாள். இனி அந்த விமானத்தில் ராஜாவே தூங்கினாலும் தாண்டுவேன், பாவம் என்றால் அது என் கணக்கில் சேரட்டும்.

பிப்ரவரி 24ஆம் தேதி கிளம்புகிறேன், பிரசவம் பார்த்துவிட்டுத்தான் திரும்புவேன். நம் வீட்டு வரிசையில் இருக்கும் பெண்கள் எல்லாம் ஆளுக்கு ஒரு ஜோடி வளையல் கொடுத்திருக்கிறார்கள், நேரில் பூட்ட முடியாதவர்கள் கையால் தொட்டுக் கொடுத்தால் போதும் என்று. இரண்டு மாதம் உன் வீட்டில் நீயும் மாப்பிள்ளையும் என்னை வைத்துப் பார்த்துக்கொண்டதை ஊரெல்லாம் சொல்லி முடியவில்லை, அதற்குள் மறுபடியும் வருகிறேன் என்று அவரிடம் சொல், சலித்துக்கொள்ள மாட்டார் என்று தெரியும். நீ ரொம்ப நேரம் ஒரே இடத்தில் உட்காராதே, ஆபீஸிலும் எழுந்து நட. எந்தப் பொருளும் தூக்காதே.

தாயும் பிள்ளையும் நல்ல சுகத்தோடு பிழைத்து, நெடுங்காலம் மஞ்சள் குங்குமத்தோடு இருக்க எங்கள் இருவரின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. மறக்காதே, இந்தக் கடிதம் கிடைத்த மறுநாளே உன் டாக்டரிடம் போய் என் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடிதம் கிடைத்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை போனில் முதலில் அதைத்தான் கேட்பேன். நான் வரும் அன்றைக்கு அழைக்கிறேன் என்று லண்டன் வரைக்கும் காரில் வந்து நிற்காதே, மாப்பிள்ளை மட்டும் வரட்டும். நீ வீட்டில் காலை நன்றாக நீட்டிக்கொண்டு உட்கார்ந்திரு. நான் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் கையை மட்டும் நீட்டு, போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
மங்களம் நாகமுத்து