மச்சானின் பல்லும் நாலு அலோய் வீலும்

நவம்பர் 3, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. கதிரவெளிக்கு இருந்த ஹயர், வாடகை ஓட்டம், ரத்து. செய்ய வேண்டியவை: காருக்கு எண்ணெய் மாற்றுவது, மகள் மதுஷாவுக்குப் பள்ளிக்கூடக் கொப்பி, மனைவி சுகந்தி கேட்ட கருவாடு.

தயாளன் வந்தான். சுகந்தியின் தம்பி. மீன் வியாபாரம் செய்கிறவனுக்குக் காரைத் தவிர வேறு பேச்சில்லை. "அத்தான், இரும்பு ரிம்மைக் கழட்டி எறிங்க. அலோய் வீல் அலுமினியம், இலேசு. கார் பறக்கும், பெற்றோலும் மிச்சம்."

நான்: இரும்பு வளைந்தால் சுத்தியலால் அடித்து நிமிர்த்தலாம், அலோய் வெடித்தால் குப்பை. நம் றோட்டுக் கிடங்கு குழிகளுக்கு எது நல்லது? கேட்கமாட்டான். செவிட்டில் ஓர் அறை விடலாமா என்று நினைத்தேன். ஆனால் ஆசை எனக்கும்தான்.

நவம்பர் 6, வியாழன்

வெயில். அலோய் வீல் போட்டாயிற்று. பெரிய வீலும் அகல டயரும் என் விருப்பம். தயாளன் பழைய அளவே போதும் என்றான், நான் விடவில்லை. பார்க்க ராசா மாதிரி நிற்கிறது.

சுகந்தி: "மனிசன் பிஞ்ச செருப்போட திரியிறார், காருக்குப் புதுச் சப்பாத்து." சிரித்தாள். மதுஷா வீலைத் துணியால் துடைத்துவிட்டாள்.

நவம்பர் 9, ஞாயிறு

கதிரவெளி போய் வந்தேன். கார் இழுக்கவேயில்லை. சேற்றில் கிடந்த எருமை எழும்புகிற மாதிரி. பெற்றோலும் முந்தியதைவிடக் குடிக்கிறது. இலேசாம், இலேசு! அறுந்துபோவான். இவனை உரித்து உப்புத் தடவ வேண்டும். நாளைக்கு இருக்கிறது.

நவம்பர் 10, திங்கள்

வலக்கை வீக்கம். எழுத்து கோணல்.

காலையில் ஒரு அலோய் வீலையும் பழைய இரும்பு வீலையும் டயரோடு கொண்டுபோய், வாழைச்சேனையில் தயாளனின் மீன் வாடியில், மீன் நிறுக்கிற தராசில் தொங்கவிட்டேன். அலோய்தான் பாரம். ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தன் கத்தினான்:

"அலோய்க்குள்ள சூரை மீனை அடைச்சு வித்திரிக்கானுகள் கா!"

ஒரே சிரிப்பு. தயாளனும் சிரித்தான். அதுதான் பொறுக்கவில்லை. வாயில் குத்தினேன். விழுந்தான். விழுந்தவனை மிதித்தேன். மீன் பெட்டி கவிழ்ந்தது, ஐஸ் தண்ணீரெல்லாம் சிவப்பு. அவன் ஐஸ் உடைக்கிற கட்டையால் என் தோளில் போட்டான். கட்டையைப் பறித்து ஓங்கினேன். ஆட்கள் பிடித்திருக்காவிட்டால் கொன்றிருப்பேன். பொய்யில்லை.

அவனுக்கு முன்பல் ஒன்று போயிற்று. மதுஷா காருக்குள் இருந்தாள். கூட்டி வந்ததையே மறந்துபோனேன். அழவில்லை, பார்த்துக்கொண்டு இருந்தாள்.

பின்னேரம் சுகந்தி என் உடுப்பெல்லாவற்றையும் முற்றத்துச் சேற்றில் எறிந்தாள். "இது எனக்குச் சீதனமாத் தந்த வீடு. என்ட தம்பிட ரத்தத்தோட இதுக்குள்ள கால் வைக்காத. போ வெளியால!"

போனேன். எங்கே போவது? வெல்லாவெளியில் அம்மாவின் வீடு தங்கச்சிக்குச் சீதனம். இந்த ஊர்ப்பக்கம் ஆம்பிளைக்கு வீடு ஏது?

நவம்பர் 12, புதன்

தூறல். காரில் படுத்து முதுகு முறிந்தது.

அலோயைக் கழற்றி இரும்பையே திருப்பிப் போடலாம் என்று டயர் கடைக்குப் போனேன். இரண்டிலும் டயர் கழன்ற பிறகு அலோய் ரிம்மைத் தூக்கினேன். சுளகு மாதிரி இலேசு. இரும்பைத் தூக்கினேன். அதுதான் பாரம். திரும்பவும் தூக்கிப் பார்த்தேன். பாரமெல்லாம் டயரில். அகல டயர். நான் கேட்டு வாங்கிய டயர்.

தயாளன் சொன்னது சரி. பழைய அளவில் போட்டிருந்தால் பிழையேயில்லை. சீ! என் கையை நானே வெட்டிப் போடலாம்.

நவம்பர் 13, வியாழன்

தயாளனிடம் போனேன். வாய் ஊதியிருந்தது. டயர் விஷயத்தைச் சொன்னேன்.

"பல்லை உடைச்சுப்போட்டு இப்ப வந்து பாரக்கணக்கா பறையிறீங்க?"

ஓங்கி அறைந்தான். காதுக்குள் இன்னும் கூவுகிறது. என் கை தானாக எழும்பியது. மடக்கிக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டேன். தயாளன் அடித்த கையை உதறினான்.

"நாளைக்கு மறுகா வீட்ட வாங்க. அக்காக்கிட்ட நான் சொல்றன்."

நவம்பர் 14, வெள்ளி

இடி, மழை. சுகந்தி கதவைத் திறந்தாள். "அவன் கேட்டதாலதான்" என்று மட்டும் சொன்னாள். சோறு, மீன் குழம்பு. தயாளன் ஒரு பக்கத்தால் மென்றான். "அகல டயரை என்ன செய்யிற? மதுஷாக்கு ஊஞ்சல் கட்டுவமா?" என்றான். சுகந்திகூடச் சிரித்தாள். அப்பாடா, முடிந்தது என்று நினைத்தேன்.

மதுஷாவுக்கு அந்தப் பக்கம் உப்பு இருந்தது. கை நீட்டினேன்.

பிள்ளை தலையைக் குனிந்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உப்பு எடுக்கத்தான் மகள்" என்றேன். அவள் கையை எடுக்கவில்லை.