நம்பர் இல்லாத பைகள்

ஜூன் 3, செவ்வாய்

எதிர்க்கடைக்காரன் இன்றைக்குத் தெருவுக்கே சென்ட் அடித்துவிட்டான். நிஜமாகத்தான். காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போது ஒருத்தன் கையில் ஸ்பிரேயோடு அவர்கள் வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரை அடித்துக்கொண்டே போனான். ரோஜா வாசனையாம். கக்கூஸில் போடுகிற உருண்டை இதைவிட மணக்கும். மதியம் வரை எனக்குத் தலைவலி.

அவன் வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. சுற்றிலும் கண்ணாடி, அதனால் எங்களுக்கு அது கண்ணாடிக்கடை. ஒரு மணி நேரத்தில் சட்டை துவைத்துத் தருகிறான், காத்திருப்பவர்களுக்குக் காபி கொடுக்கிறான். "நம்ம கடையில காத்திருக்கறவங்களுக்கு உன் மூஞ்சிதான்" என்கிறார் இவர். இஸ்திரிப் பெட்டி சும்மா கிடந்தாலும் இவர் வாய் மட்டும் சும்மா இருக்காது. இருபது வருடக் கடை. இப்போது ஈ ஓட்டுகிறோம்.

இடத்துக்காரர் வந்தார். ஜூலைக் கடைசிக்குள் சொல்ல வேண்டுமாம், இருக்கிறோமா, காலி செய்கிறோமா என்று. "எதிர்ல கேக்கறாங்கம்மா. துணி வாங்கி வைக்க இடம் பத்தலையாம்." சொல்லும்போதே கண்ணால் சுவரை அளந்தார். பார்க்கவே பிடிக்கவில்லை.

சாயங்காலம் அண்ணி போன் செய்தாள். அம்மா அண்ணன் வீட்டில் படுத்த படுக்கையாகி ஒன்பது மாதம் ஆகிறது. அண்ணன் வேலை வேலை என்று ஊர் ஊராகச் சுற்றுகிறவன், எல்லாம் அண்ணிதான். வீட்டு மெஷின் ரிப்பேராம். "ஒரு நாளைக்கு நாலு விரிப்பு ஆகுது. கொஞ்ச நாளைக்கு உன் கடையில போட முடியுமா?"

"மத்தவங்க துணியோட அதையெல்லாம் கலக்க முடியாதே அண்ணி. தொழில் இல்லையா" என்றேன்.

"சரிம்மா" என்றாள். வைத்துவிட்டாள்.

நான் சொன்னதில் என்ன தப்பு? தொழில்தானே?

ஜூன் 5, வியாழன்

இன்று வந்தது பதினோரு உருப்படி. அதில் நான்கு எங்கள் வீட்டுத் துணி.

ஜூன் 9, திங்கள்

மகளுக்குக் கல்லூரியில் புராஜெக்ட். சிறு தொழில் ஒன்றை எடுத்து, அதற்கு என்ன வாய்ப்பு இருக்கிறது, போட்டியில் அது எப்படி ஜெயிக்கலாம் என்று எழுத வேண்டுமாம். சும்மா கிடைத்த தொழில் நம்முடையது. நோட்டும் பேனாவுமாக வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"உங்ககிட்ட மட்டும் இருக்கறது என்னம்மா? வேற எவன்கிட்டயும் இல்லாதது?"

"உங்கம்மா கோபம்" என்றார் இவர். அதையும் எழுதிக்கொண்டாள் கழுதை.

கண்ணாடிக்கடையைப் போல நாங்களும் சென்ட் அடிக்கலாமா, காபி கொடுக்கலாமா என்று நான் கேட்டதற்கு, "அவங்க செய்யறதையே நீயும் செஞ்சா ரெண்டாவதாத்தான் வருவே. அவங்க எதைச் செய்ய மாட்டேங்கறாங்கன்னு பாரு" என்றாள். அந்தக் கடையிலிருந்து யாராவது கொண்டுபோன பையோடு அப்படியே திரும்பி வருகிறார்களா என்று எண்ணச் சொன்னாள். பெற்ற வயிறு கொஞ்சம் குளிர்ந்தது. ஆனாலும் போட்டிக்காரன் வாசலை நான் வேவு பார்ப்பதா? வெட்கக்கேடு.

ஜூன் 14, சனி

வேவு பார்த்தேன். பஸ் ஸ்டாப் பெஞ்சில் மூன்று மணி நேரம், கையில் ஒரு கூடையோடு. ஐந்து பஸ்ஸை விட்டதும் டீக்கடைக்காரர், "எங்கம்மா போகணும்?" என்று கேட்கவே ஆரம்பித்துவிட்டார்.

பையைத் திறக்காமலே திரும்பி வந்தவர்கள் நான்கு பேர். நால்வர் கையிலும் இறுக்கிக் கட்டின கறுப்புப் பை. நாலாவது ஆளின் பின்னாலேயே போய்க் கேட்டேன். நடுத்தர வயது, பேன்ட் சட்டையெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. தரையைப் பார்த்தபடிதான் சொன்னார்.

"அப்பா படுக்கையில இருக்கார். வீட்ல அலசிட்டுத்தான் கொண்டு வந்தேன். ஆனாலும்..."

நான் ஓரடி பின்னால் போனேன். நினைத்துப் போகவில்லை, கால் தானாகப் போயிற்று. அவர் அதைப் பார்த்துவிட்டார். பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார், என்னமோ அவர்தான் தப்பு செய்த மாதிரி.

வீட்டுக்கு வந்து இரண்டு தடவை கை கழுவினேன். அந்தப் பையை நான் தொடவே இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

காலையிலிருந்து வீட்டில் ஒரே சண்டை.

மகள்: "இதுதாம்மா! ஊர்ல ஒருத்தன்கூட வாங்க மாட்டேங்கறான்!"

இவர்: "சீ, கருமம். வாங்க மாட்டேங்கறானுங்கன்னா காரணம் இல்லாமலா?"

நான்: "எனக்குக் கேட்டாலே குமட்டுது."

ஆனால் ஜூலைக் கடைசி வந்துகொண்டே இருக்கிறதே. மூன்று வேளையும் சாப்பிடுகிறோமே. சரி என்றேன். ஆளாளுக்கு ஒரு நிபந்தனை போட்டோம். பின்னால் சும்மா கிடக்கும் பழைய மெஷின் இதற்கு மட்டும். பை முன்வாசல் வழியாக வரக் கூடாது, பின் சந்து வழியாகத்தான். கடைப்பெயர் எங்கேயும் வரக் கூடாது. மருந்துக்கடை அம்மாவிடம் ஒரு போன் நம்பரை மட்டும் கொடுத்து வைப்போம், தேவைப்பட்டவர்களுக்கு அவர் சொல்வார். ரசீது கிடையாது.

இவர் கடைசியாக ஒன்று சொன்னார்: "அந்தத் துணிக்கு நம்பர் கட்டாதே. நம்ம நம்பர் துண்டு அதுல தொங்கறதை எவனாவது பார்த்தான்னா அவன் சட்டையை இங்க போடுவானா?"

சட்டையானாலும் கைக்குட்டையானாலும் சின்னத் துணித் துண்டில் மையால் நம்பர் எழுதிக் கட்டாமல் இந்தக் கடையில் இதுவரை எதுவும் தண்ணீரைப் பார்த்ததில்லை. அப்படியும் தலையாட்டினேன். பையின் முடிச்சைப் பார்த்தே யாருடையது என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

முதல் பை. முழங்கை வரை கையுறை, மூக்கில் துணி, அதற்கு மேல் ஒரு துணி. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு பையை மெஷினுக்குள் கவிழ்த்தேன். முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம்தான் சூடு. சூட்டை முதலில் காட்டினால் கறை இழையோடு ஒட்டிக்கொள்ளும். அது எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்தது அந்த நாற்றம். மூக்கில் வருகிற நாற்றம் இல்லை. நாக்கில் வருகிறது.

சந்தில் போய் வாந்தி எடுத்தேன்.

ஜூன் 28, சனி

பதினான்கு வீடு ஆகிவிட்டது. இரட்டை ரேட் சொல்கிறோம், ஒருவர்கூடப் பேரம் பேசவில்லை.

ஆனால் என்ன பொய், என்ன பொய்! "நாய்க்குட்டி பண்ணிடுச்சு." "விருந்தாளி குழந்தை." ஒருவர் காபி கொட்டிவிட்டது என்றார். தினமும் கொட்டுமா? பெற்ற தகப்பன் என்று சொல்ல வாய் வரவில்லை. சிலர் தாங்களே வருவதுகூட இல்லை, ஆட்டோக்காரரிடம் கொடுத்துவிடுகிறார்கள். செவ்வாயும் வெள்ளியும் அப்படி ஒரு பை வருகிறது, இரட்டை முடிச்சுப் போட்டது. வீட்டிலேயே அலசி, பிழிந்து, மடித்துக்கூட வைத்திருக்கிறார்கள். அந்த வீட்டில் யாரோ மனுஷி இருக்கிறாள். மற்றதுகளெல்லாம் சீ!

"உங்கம்மா துணியையும் கொண்டுவரச் சொல்லலாமே, இப்பதான் தனி மெஷின் இருக்கே" என்றார் இவர் சாதாரணமாக. எரிந்து விழுந்தேன். எந்த முகத்தோடு சொல்வது? முடியாது என்று அன்றைக்குச் சொன்ன அதே வாயால், இப்போது ஊருக்கெல்லாம் செய்கிறேன், நீயும் கொண்டு வா என்று சொல்வதா? அடுத்த வாரம் பார்க்கலாம்.

போன மாதம் அம்மாவைப் பார்க்கப் போனபோதுகூட அறை வாசலிலேயே நின்று பேசிவிட்டு வந்துவிட்டேன். உள்ளே போகவில்லை. "நேரமாச்சு அண்ணி" என்றேன். நேரம் எங்கே ஆயிற்று?

ஜூலை 2, புதன்

அண்ணிக்குப் போன் செய்ய எடுத்தேன். வைத்துவிட்டேன்.

ஜூலை 9, புதன்

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

காலை பத்து மணி. கடையில் சட்டை துவைக்கப் போட வந்தவர்கள் மூன்று பேர். பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி, எங்கள் பின் சந்து வாடிக்கை, முன்வாசல் வழியாகவே வந்து ஒரு விரிப்பை மேசையில் விட்டெறிந்தாள்.

"இது எங்கம்மாவோடது இல்ல! எவளோட பீத்துணியையோ எங்கம்மாவுக்கு விரிச்சிருக்கேன்! இதுதான் நீங்க பார்க்கற லட்சணமா?"

நேற்று இரண்டு பை மாறிப்போயிருக்கிறது. முடிச்சு முடிச்சு என்று பீற்றிக்கொண்டேனே, துவைத்து மடித்த பிறகு முடிச்சு எங்கே இருக்கும்? ஒரு நம்பர் துண்டு கட்டியிருந்தால் தீர்ந்தது. இருபது வருடம் கர்ச்சீப்புக்குக்கூடக் கட்டினவள் நான்.

சட்டைக்காரர்களில் இருவர், "எங்க துணியைக் கொடுங்க" என்றார்கள். துவைக்காத துணியை அப்படியே வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருவர் போகும்போது முகர்ந்து பார்த்தார். டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டு, அவள் அம்மாவின் விரிப்பைத் தேடி எடுத்துத் தருகிறேன் என்று கெஞ்சி அனுப்பினேன்.

அப்புறம் அவள் எறிந்த விரிப்பை எடுத்து மடித்தேன். இளநீலம், ஒரு மூலையில் ஒட்டு. ஒட்டுப் போட்ட துணியில் மஞ்சள் கட்டம். எங்கள் பழைய வீட்டு ஜன்னல் திரையின் துணி அது. கோணல் மாணலாக அடித்த தையல், என் தையல். கல்யாணத்துக்கு முன் அம்மாவின் மெஷினில் நான் கற்றுக்கொண்டபோது போட்டது. "இதை விரிச்சா என் முதுகுல கோடு விழும்டி" என்று அம்மா சிரித்தாள்.

இரட்டை முடிச்சுப் பை.

மூன்று வாரமாக என் அம்மாவின் துணியை நான் துவைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இரட்டை ரேட் வாங்கிக்கொண்டு. முகத்தைத் திருப்பிக்கொண்டு. மடிக்கும்போதுகூட எப்போது கைவிட்டுப் போகும் என்றுதான் மடித்தேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

ஊரில் எல்லாரையும் பார்த்து சீ சீ என்று எழுதி வைத்திருக்கிறேனே இந்த நோட்டில். என்னைவிடக் கேவலமாக ஒருத்தியாவது இதில் இருக்கிறாளா?

ஜூலை 10, வியாழன்

போனேன். அண்ணி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். விரிப்பைக் கொடுத்தேன். வாங்கி ஒட்டைத் தடவிப் பார்த்தாள்.

"தெரிஞ்சுட்டுதா?"

"ஏன் அண்ணி சொல்லல?"

"மருந்துக்கடையில நம்பர் தந்தாங்க, பார்த்தா உன்னோடது. ஆட்டோக்காரரை விட்டுப் பேசச் சொன்னேன். நீதான் தொழில்னு சொன்னியே. சரி, நானும் கஸ்டமராவே வரேன்னு வந்தேன். அவ்ளோதான்."

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நானும் ஏதாவது பதிலுக்குப் பதில் பேசியிருப்பேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "என்னை ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாம் அண்ணி" என்றேன்.

"எனக்கு எங்க நேரம்?" என்றாள். கத்தியால் வெங்காயத்தை ஒதுக்கினாள். "ஒண்ணு சொல்றேன் கேளு. சந்து வழியா பையை அனுப்பறப்போ எனக்கே என்னமோ திருட்டுச் சாமான் அனுப்பற மாதிரி இருந்துது. நானும் வெக்கப்படணுமா இதுக்கு? முன்வாசல்லயே வாங்கு. நம்பர் கட்டு."

அம்மாவின் அறைக்குள் போனேன். நாற்றமே இல்லை. ஜன்னல் திறந்திருந்தது, சோப்பு வாசனை. பத்து மாதமாக வாசலில் நின்று மூக்கைச் சுளித்தேனே, எந்த நாற்றத்துக்கு? அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஜூலை 14, திங்கள்

போர்டு மாட்டியாயிற்று. இவரே எழுதினார், எழுத்து கொஞ்சம் கோணல். "படுக்கையில் இருப்பவர்களின் துணி இங்கே தனி மெஷினில் துவைத்துத் தரப்படும்." இரட்டை ரேட் இனி இல்லை. வீட்டுக்கு ஒரு நம்பர், ஒவ்வொரு துணியிலும் துண்டு.

முதல் நாளே ஒரு சட்டைக்காரர் போர்டை மேலும் கீழும் பார்த்தார். "இதையெல்லாமா இங்க வாங்கறீங்க?"

"ஆமா. உங்களுக்கும் ஒருநாள் வேண்டியிருக்கும்" என்றேன்.

போய்விட்டார். இவர் தலையில் அடித்துக்கொண்டார். "கோபம்தான் நம்மகிட்ட மட்டும் இருக்கறதுன்னு சொன்னேனே, கேட்டியா?"

ஜூலை 18, வெள்ளி

டீச்சர் வந்தாள், அண்ணி வீட்டுக்கு மாறிப்போன அவள் அம்மாவின் விரிப்பைத் திருப்பிக் கொடுத்தபின் முதல் தடவையாக. முன்வாசல் வழியாக. மேசையில் பையை வைத்துவிட்டு, "நம்பரைக் காட்டுங்க" என்றாள். காட்டினேன். பதினேழு. தன் கைப்புத்தகத்தில் குறித்துக்கொண்டாள். சிரிக்கவில்லை, ஆனாலும் வந்தாள்.

ஜூலை 30, புதன்

இடத்துக்காரரிடம் கையெழுத்துப் போட்டாயிற்று. இன்னும் மூன்று வருடம். முப்பத்தெட்டு வீடு, இரண்டு சிறிய ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரிக்காரர்கள் போர்டைப் பார்த்துத்தான் வந்தார்கள். சந்து வழியாகவே நடத்தியிருந்தால் அவர்கள் கண்ணில் எங்கே பட்டிருப்போம்?

கண்ணாடிக்கடை மேனேஜர் சாலையைத் தாண்டி வந்தார். தன்னிடம் வரும் கறுப்புப் பைகளை இங்கே அனுப்புகிறாராம், பைக்கு இவ்வளவு என்று கமிஷன் வேண்டுமாம். சும்மா திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த மனுஷங்களை இப்போது விற்கப் பார்க்கிறான். கிட்ட வரும்போது அதே ரோஜா உருண்டை வாசனை. "கைகாட்டி விடுங்க, போதும். கமிஷன் கிடையாது" என்றேன்.

மகளுக்கு புராஜெக்டில் முதல் மார்க். அதில் அம்மாவின் கோபத்துக்கு ஒரு தனிப் பக்கமே இருக்கிறதாம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணி கடையில் உட்காருகிறாள். நான் அவள் வீட்டுக்குப் போகிறேன். அவளே போட்ட ஏற்பாடு. "எனக்கும் நாலு பேர்கிட்ட பேசணும் போல இருக்கும்ல" என்றாள். மாலையில் கணக்காக நம்பர் வரிசைப்படி அடுக்கிவைத்துவிட்டுப் போகிறாள். நான் அடுக்குவதைவிட நன்றாக இருக்கிறது.

காலையில் அம்மாவுக்கு விரிப்பு மாற்றினேன். ஒருபக்கமாகப் புரட்டி, பழசை உருவி, புதுசை நுழைத்து. அண்ணி சொல்லிக்கொடுத்த மாதிரிதான் செய்தேன், ஆனாலும் அவள் ஐந்து நிமிஷத்தில் செய்வது எனக்கு அரை மணி ஆயிற்று. அம்மா கண்ணைத் திறக்கவில்லை.

"கை சில்லுனு இருக்கு. அவ இல்லையே. யாரு?"

"நான்தாம்மா."

"நீயா? ஏன் இவ்ளோ நாளா வரல?"

"கடைல வேலைம்மா" என்றேன்.

பழைய விரிப்பை அலசிப் பிழிந்து, மடித்து, நம்பர் ஒன்று கட்டி, இரட்டை முடிச்சுப் போட்டுக் கடைக்குக் கொண்டு வந்தேன். கையுறை இரண்டும் காலையில் வைத்த இடத்திலேயே, என் கைப்பையில், மடித்த மடிப்புக் கலையாமல் இருக்கின்றன. பேனாவைத் தேடும்போதுதான் பார்த்தேன்.