இலையில் இனிப்பு வைக்கிற மூலை

அக்கா,

உன் ரப்பர் மிட்டாய் அச்சைக் கழுவி ஜன்னல் மேடையில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். வெந்நீரில் போட்டேன், எலுமிச்சைத் தோலால் தேய்த்தேன், சோப்பு நுரையில் ஊறவும் வைத்தேன். ம்ஹூம், கோகோ வாசம் போகவே மாட்டேன் என்கிறது. நீ இருந்தபோதும் இப்படித்தான். "போகலன்னா விடுடி, அதுவும் நம்ம கூட இருந்துட்டுப் போகட்டும்" என்பாய். இந்த வாசம் மூக்கில் பட்டதும் மாடிப்படியில் நீ இறங்கி வருகிற செருப்புச் சத்தத்துக்காகக் காது தானாக நீள்கிறது. என்ன செய்ய, பழக்கம்.

நீ போய் நேற்றோடு வருஷம் திரும்பியது. படையல் போட்டோம். அதில் நடந்ததை வேறு யாரிடம் சொன்னாலும் பாதிதான் புரியும். உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

அல்சூரில் ஒரே வீடு. மேலே நீ, கீழே நான். அண்ணனைக் கட்டியவள் நீ, தம்பியைக் கட்டியவள் நான். ஓரகத்திகள் என்றால் அடித்துக்கொள்வார்கள் என்று தெருவே எதிர்பார்த்தது. நாமும் அவர்களை ஏமாற்றவில்லை. துணி காயப்போடும் கொடிக்காக எத்தனை நாள் பேசாமல் இருந்திருக்கிறோம்! ஆனாலும் சாயங்காலம் பொம்மசந்திராவிலிருந்து கம்பெனி பஸ் உன்னை இறக்கிவிட்டதும் நீ முதலில் எட்டிப் பார்ப்பது என் சமையலறையைத்தான். "என்னடி இருக்கு, இனிப்பா?" அதுதான் உன் வணக்கம். கேசரி, அதிரசம், எதுவும் இல்லையென்றால் வெல்லக்கட்டி. சாப்பாட்டுக்குப் பிறகு இனிப்பு என்பது மற்றவர்களுக்கு. உனக்கு இனிப்புக்குப் பிறகுதான் சாப்பாடு.

அப்பேர்ப்பட்ட உனக்குச் சுகர் வந்தது. டாக்டர் சொன்னபோது நீ அழவில்லை. சிரித்துக்கொண்டே என் சமையலறைக்கு வந்து, "இத்தனை வருஷம் நான் அதைத் தேடிப் போனேன், இப்ப அது என்னைத் தேடி வந்துடுச்சு" என்றாய். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

நீ சிரிக்காமல் வந்தது வேறொரு நாள். நம் நாத்தனார், ஓசூர் அண்ணி, மகளுக்கு நிச்சயம் வைத்தபோது. பந்தியில் நீயும் நானும் பக்கத்துப் பக்கத்து இலை. ஜாங்கிரித் தட்டோடு வந்த பையனிடம் அண்ணி அந்தக் கோடியிலிருந்து கத்தினாள்: "தம்பி, அந்த இலைக்கு இனிப்பு வெக்காத! அவளுக்குச் சுகரு!" பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பையன் உன் இலையைத் தாண்டி என் இலைக்கு வந்தான். சாப்பாடு முடிந்ததும் ஒரு தனித் தட்டில் இரண்டு மேரி பிஸ்கட் வந்தது, உனக்கென்று. அண்ணி பாசத்தில்தான் செய்தாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உன் இலையில் முதல் இனிப்பு வைக்கிற மூலை கடைசிவரை காலியாகவே இருந்தது. நீ சோற்றைப் பிசைந்துகொண்டே அந்த மூலையைப் பார்த்ததை நான் பார்த்தேன்.

திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் சொன்னாய்: "இனிப்பு இல்லாம இருந்துடுவேன்டி. இந்த வேற தட்டுதான் ஆகாது. நான் ஒண்ணு செய்வேன், அதை எல்லாரும் ஒரே தட்டுல எடுத்துச் சாப்பிடணும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிட்டாய். மருந்து பேக்கிங் கம்பெனியில் சூப்பர்வைசர் அல்லவா, எந்தப் பாக்கெட்டை எடுத்தாலும் முதலில் முதுகுப் பக்கத்தைத்தான் திருப்புவாய். "முன்னாடி எழுதுறது விளம்பரம், பின்னாடி எழுதுறதுதான் பொருள்" என்பாய். ஆனாலும் முதல் தடவை ஏமாந்தாய். சுகர் ஃப்ரீ என்று போட்ட ஏதோ ஒரு பொடியை வாங்கிவந்து காய்ச்சினாய். அசல் சர்க்கரைப் பாகு போலவே பளபளவென்று வந்தது, ருசியும் அருமை. மாமா, அதுதான் உன் வீட்டுக்காரர், "சுகர் ஃப்ரீதானே, என்ன ஆகப்போகுது" என்று டிவி பார்த்தபடி கிண்ணத்தைக் காலி செய்தார். மறுநாள் முழுக்க அவர் பாத்ரூமை விட்டு வெளியே வரவில்லை. நீ வெளியே நின்றுகொண்டு, "பாக்கெட் பின்னாடி போட்டிருக்கு, அளவுக்கு மேல சாப்பிட்டா வயிறு போகும்னு. நான்தான் பாக்காம விட்டுட்டேன். உசுரோட இருக்கீங்களா?" என்று கேட்டாய். நான் படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விட்டேன்.

ஆனால் நீ அதைக் குப்பையில் கொட்டியது மாமாவின் வயிற்றுக்காக அல்ல. சாப்பிடும் முன்பும் பிறகும் விரலில் ஊசி குத்தி, மெஷினில் சுகர் பார்த்திருந்தாய். ஏறியிருந்தது. "இது பேருக்குத்தான் சுகர் ஃப்ரீ. எனக்கு ஏறுதுன்னா இன்னொருத்தருக்கும் ஏறும்" என்று மொத்தத்தையும் போட்டுவிட்டாய். நானாக இருந்தால், போனால் போகிறது என்று ஒளித்துவைத்துத் தின்றிருப்பேன். வாய்க்கு அவ்வளவு பிடித்த ஒன்றைத் தானே தூக்கி எறிகிற நெஞ்சு எனக்கு இல்லை அக்கா. அன்றைக்குத்தான் உன்னை முதல்முறை அண்ணாந்து பார்த்தேன்.

அப்புறம் வந்தது வேறொரு வெள்ளைப் பொடி, வாயில் நுழையாத பெயர், எரித்ரிட்டால். அது உன் சுகரை ஏற்றவில்லை. ஆனால் என்ன அடம்! எவ்வளவு காய்ச்சினாலும் சிவக்காது. நாக்கில் வைத்தால் புதினா மாதிரி ஜில்லென்றது. ஆறியதும் மணல் மாதிரி கரகரத்தது. நான் "விட்டுத் தொலை" என்றேன். நீயா விடுவாய்? "நிறம் சர்க்கரையில இருந்துதான் வரணுமா? வெண்ணெயில இருந்து வரட்டும்" என்று வெண்ணெயை மணக்க மணக்கச் சிவக்கவிட்டு, ஃப்ரெஷ் க்ரீமை ஊற்றிச் சுண்டக் காய்ச்சினாய். பொடியை மிக்ஸியில் மாவாக அரைத்துப் போட்டாய். ஜில்லிப்பை அடக்க ஒரு சிட்டிகை உப்பும் ஒரு கரண்டி காபி டிகாஷனும். அப்படியும் கடைசியில் கொஞ்சம் கரகரப்பு மிஞ்சியது. அப்போது நீ சொன்னதை நான் எங்கெங்கோ சொல்லித் திரிகிறேன்: "அது போகலன்னா, கரகரப்பா இன்னொண்ணை அதுக்குத் துணைக்குப் போடுவோம்." வறுத்த பாதாமையும் வேர்க்கடலையையும் ஒன்றிரண்டாக உடைத்துக் கொட்டினாய். மேலே இனிப்பில்லாத கறுப்புச் சாக்லேட்டை உருக்கி ஊற்றி இந்த அச்சில் ஆறவைத்தாய். கடித்தால் எது பாதாம், எது பொடி என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

தீபாவளிக்கு அதைத்தான் தட்டில் அடுக்கித் தெரு முழுக்க அனுப்பினாய். கம்பெனி பஸ்ஸிலும் நீட்டினாய். டிரைவர் வண்டியை எடுக்காமல், "அக்கா, இன்னொந்து கொடி" என்று கன்னடத்தில் இன்னொன்று கேட்டுக் கை நீட்டினாராம். யாரிடமும் முதலில் எதுவும் சொல்ல மாட்டாய். "சுகர் ஃப்ரீன்னு சொன்னா நாக்கு கேட்கவே கேட்காது. முதல்ல சாப்பிடட்டும், அப்புறம் கேட்கட்டும்." கேட்டவர்களிடம் ஒளிக்காமல் சொன்னாய், ஒன்றுக்கு மேல் வேண்டாம் என்பதையும் சேர்த்து. நான் வேலை செய்யும் பல் கிளினிக்குக்கும் ஒரு டப்பா கொடுத்தனுப்பினாய். எங்கள் டாக்டரம்மா இரண்டு தின்றுவிட்டு, "இப்படி எல்லாரும் செஞ்சா நான் கடையை மூடிட வேண்டியதுதான்" என்றார். உன்னிடம் சொன்னபோது உன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, சம்பளம் உயர்ந்தபோதுகூட அப்படி மலரவில்லை.

சுகரை நீ கட்டுக்குள்தான் வைத்திருந்தாய். உன்னைக் கொண்டுபோனது டெங்கு. மழைக்காலத்துக் கொசு யாரென்று பார்த்தா கடிக்கிறது? ஆனால் சாவு வீட்டில் எல்லோரும், "சுகர்தான், வேறென்ன" என்று உச்சுக் கொட்டினார்கள். எத்தனை பேரிடம்தான் சண்டை போடுவது? வாயை மூடிக்கொண்டேன்.

இந்த முறை மூடவில்லை. ஓசூர் அண்ணி படையலுக்கு முந்தின நாளே ஒரு பெரிய ஜாங்கிரி டப்பாவோடு வந்து இறங்கினாள். "பாவம், வாயைக் கட்டிக்கிட்டே போய்ச் சேர்ந்துட்டா. ஒண்ணுமே நல்லா சாப்பிடல. இனிமேலாச்சும் நிஜ இனிப்பா திங்கட்டும். செத்தவங்களுக்கு ஏது சுகரு?"

எனக்கு வந்ததே கோபம்! "யாரு அண்ணி வாயைக் கட்டினது? அவங்க வருஷக்கணக்கா மிட்டாய் செஞ்சு தின்னவங்க. படையல்ல அதைத்தான் வைக்கணும்."

"மருந்துப் பொடியில செஞ்சதெல்லாம் ஒரு மிட்டாயாம்மா?"

"நீங்க ஒரு நாளாச்சும் தின்னு பாத்தீங்களா?"

அவள் தின்றதில்லை. நீ நீட்டிய ஒவ்வொரு முறையும், "உன் பங்கை நான் ஏன் பிடுங்கணும்" என்று தள்ளிவிட்டவள். மாமா நடுவில் வந்தார். "நீ செஞ்சு, சரியா வந்தா அதை வைப்போம். வரலன்னா ஜாங்கிரி. இதுக்காகச் சண்டை வேணாம்."

அவருக்குச் சொல்வது சுலபம். கிண்டியது எப்போதும் நீ. என் வேலை பாதாம் உடைப்பதும் ஊர்க்கதை பேசுவதும். படத்துக்கு முன்னால் ஜாங்கிரி வைத்தால், இனி வருஷா வருஷம் நீ வாயைக் கட்டிச் செத்தவளாகவே அந்த இலைக்கு வருவாய். விடிந்ததும் அடுப்பைப் பற்றவைத்தேன். வெண்ணெய் சிவந்தது, வாசம் உன் வாசம்தான். ஆனால் ஆறியதைக் கடித்தால் மண், அப்படியே மண். அண்ணி எட்டிப் பார்த்துவிட்டு உன் இலையில் ஜாங்கிரி வைக்கப் போனாள். அழுகை முட்டியது. உன் படத்தைப் பார்த்து, "என்னக்கா இப்படிப் பண்றே" என்று திட்டினேன். பிறகு மொத்தத்தையும் திரும்ப உருக்கி, இன்னும் கொஞ்சம் க்ரீம் ஊற்றி, வறுத்த வேர்க்கடலையையும் பாதாமையும் அள்ளிப் போட்டேன். துணைக்குத்தான். சாக்லேட்டை ஊற்றி ஆறவைத்து அச்சிலிருந்து தட்டியபோது ஒவ்வொன்றும் முழுசாக விழுந்தது. மாமா ஒன்றை வாயில் போட்டார். கண்ணை மூடிக்கொண்டார். அப்படியே தட்டை வாங்கிப் போய், உன் இலையில் அண்ணி ஏற்கெனவே வைத்திருந்த ஜாங்கிரியை மெதுவாக நகர்த்திவிட்டு, அந்த மூலையில் உன் மிட்டாயை வைத்தார்.

படையல் முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நான்தான் பரிமாறினேன். அண்ணியே கொண்டுவந்த ஜாங்கிரி, அதனால் முதலில் அவள் இலைக்குப் போனேன். அவள் சட்டென்று உள்ளங்கையால் இலையின் மூலையை மூடினாள். "எனக்கு வேணாம்" என்றாள். நான் குனிந்தேன். காதோடு சொன்னாள்: "கொஞ்ச நாளா எனக்கும் இருக்கு. வீட்டுல யாருக்கும் சொல்லல. சத்தமா கேட்காத."

அக்கா, உன்மேல் ஆணை, என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. 'அந்த இலைக்கு இனிப்பு வெக்காதீங்க, அவங்களுக்குச் சுகரு!' அவள் கத்திய அதே குரலில், அதே நீளத்தில் கத்த வேண்டும் என்று நெஞ்சு குதித்தது. அவள் கையைப் பார்த்தேன். அது இன்னும் அந்த மூலையை மூடியே இருந்தது. எனக்கு உன் இலைதான் ஞாபகம் வந்தது.

ஜாங்கிரித் தட்டை உள்ளே கொண்டுபோய் வைத்தேன். மிட்டாய்த் தட்டை எடுத்து வந்து முதல் இலையிலிருந்து தொடங்கினேன். குழந்தைகளுக்கு ஒன்று, மாமாவுக்கு ஒன்று, என் வீட்டுக்காரருக்கு ஒன்று, அண்ணிக்கு ஒன்று. எல்லோருக்கும் ஒரே தட்டு. அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கையை எடுத்தாள்.

அவள் கடிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடித்தாள், மென்றாள், நிறுத்தினாள், மறுபடி மென்றாள்.

"இதையா அவ சாப்பிட்டா?"

"இதைத்தான் அண்ணி."

உன் படத்தைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப நல்லாத்தான்டி சாப்பிட்டிருக்கா" என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொன்றுக்குக் கை நீட்டினாள்.

"ஒண்ணு போதும் அண்ணி" என்றேன். "அதுக்கு மேல தின்னா என்ன ஆகும்னு மாமாவைக் கேளுங்க."

மாமா சிரித்தார் அக்கா. நீ போன பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து நேற்றுத்தான் கேட்டேன்.

அச்சு காய்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு ஓசூருக்குப் போகிறேன். கிண்டுவது இனி நான். பாதாம் உடைக்க அண்ணி இருக்கிறாள்.