ஓடுகிறது என்று காட்டியது

மார்ச் 3

அன்புள்ள ராங்கிக்கு,

நான் நலம். நீயும் குட்டியும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே நமக்குள் முட்டிக்கொள்கிறது. அதனால் நீ சொன்னபடி எழுதிப் பார்க்கிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. தட்டித் தட்டியே பழகிய விரல்கள், பேனாவைக் கண்டால் முரண்டு பிடிக்கின்றன.

இந்த மாதம் வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். வர முடியாது. கோபப்படு, ஆனால் முழுதும் படித்துவிட்டுக் கோபப்படு. கம்பெனி என்னை அனுப்பியிருக்கும் இந்த ஆஸ்பத்திரியில் லேப் ஒரு மென்பொருளில் ஓடுகிறது, மருந்தகம் இன்னொன்றில், வார்டுகள் வேறொன்றில். ஒன்று பேசுவது மற்றதற்குப் புரியாது. நடுவில் நின்று எல்லாவற்றையும் வாங்கி, மாற்றி, உரிய இடத்தில் சேர்க்கும் மென்பொருள்தான் எங்கள் பஸ். உனக்குத் தெரியாததா? குட்டி பிறந்து நீ வேலையை விடும்வரை என்னைவிட நன்றாகச் செய்தவள் நீதானே.

எனக்கு முன்னால் இருந்தவர் அத்தனை நிரலையும் ஒரே மூட்டையாகக் கட்டிவைத்துவிட்டுப் போய்விட்டார். லேப் முடிவின் வடிவத்தில் ஒரு புள்ளியை மாற்றுவதற்குக்கூட பஸ்ஸையே நிறுத்த வேண்டியிருக்கிறது. அது நிற்கும் நேரமெல்லாம் நர்சுகள் கையில் சீட்டோடு மாடிப்படி ஏறி இறங்குகிறார்கள். நேற்று ஆறாம் வார்டு சிஸ்டர் என் மேஜை முன்னால் வந்து நின்றார். “சார், நீங்க ஒரு தடவை இந்தச் சீட்டைத் தூக்கிட்டு மேல ஏறிப் பாருங்க. அப்புறம் நிறுத்துங்க” என்றார்.

உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது. உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 11

குட்டியின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. முழுதும் படித்துவிட்டுத்தான் கோபப்பட்டேன்.

வகுப்பில் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டிருக்கிறார்கள். குட்டி எழுந்து, “ஆஸ்பத்திரி பஸ் ஓட்டுறாரு. ஆனா அது அடிக்கடி நின்னுபோயிடும்” என்று சொல்லியிருக்கிறாள். அவளுடைய டீச்சர் என்னைப் பார்த்து, “டீசல் பிரச்சினையா இருக்கும், பார்க்கச் சொல்லுங்க” என்கிறார். நான் என்னத்தைச் சொல்ல?

உங்கள் மூட்டை விஷயத்துக்கு வருகிறேன். பல மூட்டைகளைத் தனித்தனியாக ஏற்றி ஓட்டவென்றே பஸ்ஸில் கண்டெய்னர் என்று ஒன்றை வைத்துக்கொண்டு அதற்குள் ஒரே பாறாங்கல்லை உருட்டிவைத்தால் எப்படி? லேப் முடிவை வார்டுக்குக் கொண்டுபோவது ஒரு வேலை. மருந்துச் சீட்டை மருந்தகத்துக்கு அனுப்புவது இன்னொரு வேலை. ஒவ்வொன்றையும் துண்டாக்கி, இலேசான, தனித்தனிச் சின்ன மூட்டையாகக் கட்டுங்கள். உரிய ஃபோல்டரில் போட்டால் கண்டெய்னரே எடுத்து ஓட்டிக்கொள்ளும். ஒன்றைக் கழற்றி வேறொன்றை மாட்டும்போது மற்றவை பாட்டுக்கு ஓடும். சிஸ்டர் மாடி ஏற வேண்டியதில்லை.

ஒன்றை மாதிரிக்குக் கட்டி மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். குட்டி பள்ளிக்குப் போன பிறகு உட்கார்ந்தேன். சோறு ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. எத்தனை நாளாயிற்று இப்படி!

குட்டியின் அம்மா


மார்ச் 20

அன்புள்ள ராங்கிக்கு,

நீ இப்போது என் எதிரில் இருந்திருக்க வேண்டும். திங்கட்கிழமைக் கூட்டத்தில் உன் மாதிரியை ஓட்டிக் காட்டினேன். பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு துண்டைக் கழற்றி, வேறு துண்டை மாட்டினேன். ஒரு செய்திகூடச் சிதறவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். இங்குள்ள துறைத் தலைவி லேசில் பாராட்ட மாட்டார், மேடம் என்றாலே மாடி நடுங்கும். அவரே, “இவ்வளவு நாளா இதை ஏன் யாரும் யோசிக்கலை?” என்றார்.

மொத்தத்தையும் இப்படிப் பிரிக்கச் சொல்லிவிட்டார். நான் ஒருவனாகச் செய்தால் மழைக்காலம் வந்துவிடும். மற்ற பகுதிகளையும் உனக்கு அனுப்பியிருக்கிறேன். கட்டித் தருவாயா? சீக்கிரம் முடிந்தால் சீக்கிரம் வருவேன், அதையும் யோசித்துக்கொள்.

உன் வீட்டுக்காரன்


மார்ச் 28

குட்டியின் அப்பாவுக்கு,

கைதட்டினார்கள் என்று படித்ததும் அடுப்படியிலேயே ஒரு சுற்று சுற்றினேன். குட்டி, “அம்மா, பைத்தியம் பிடிச்சிடுச்சா?” என்று கேட்டாள்.

யாருடைய யோசனை என்று யாராவது கேட்டார்களா? நீங்கள் எழுதவில்லை, அதனால் கேட்கிறேன்.

எல்லாவற்றையும் கட்டி அனுப்பிவிட்டேன். ஒன்றே ஒன்று. செய்திகளின் வடிவத்தை வரையறுக்கும் பொது நிரல் தொகுப்பு இருக்கிறதே, அந்த லைப்ரரியை எந்த மூட்டைக்குள்ளும் வைக்கவில்லை, வைக்கவும் கூடாது. அது கண்டெய்னரில் ஏற்கெனவே இருக்கிறது. எல்லாத் துண்டுகளும் அந்த ஒன்றையே பார்க்க வேண்டும். மூட்டைக்குள் இன்னொரு பிரதி போய்விட்டால், இரண்டும் பெயரில் ஒன்று, ஆனால் கண்டெய்னருக்கு அவை வேறு வேறு. ஒன்று கொடுப்பதை மற்றது வாங்காது. இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

வரும்போது சொல்லாமல் வராதீர்கள், வீடு அலங்கோலமாகக் கிடக்கிறது. சொல்லிவிட்டு வராமலும் இருக்காதீர்கள்.

குட்டியின் அம்மா


ஏப்ரல் 6

ராங்கிக்கு,

அவசரமாக எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை எல்லாம் நிஜப் பஸ்ஸில் ஏறுகிறது. சோதனைக் கணினியில் உன் மூட்டைகள் முதலில் ஓட மறுத்தன. எப்படியோ சரிசெய்துவிட்டேன், இப்போது பச்சை விளக்குதான்.

நீ கேட்டதற்குப் பதில்: ஆஸ்பத்திரியின் நிரலை வெளியாளிடம் காட்டக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். உன் பெயரை எப்படிச் சொல்வது? நம் வீட்டுக்குள் தெரிந்தால் போதாதா?

குட்டிக்கு முத்தம்.

உ. வீ.


ஏப்ரல் 15

ராங்கிக்கு,

இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் அறைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். அறை சின்னது. நாலு எட்டு வைத்தால் சுவர்.

ஆறாம் வார்டில் தையல் வேலை செய்யும் ஓர் அம்மா படுத்திருந்தார். சிறுநீரகக் கோளாறு. திங்கட்கிழமை காலையில் ரத்தம் எடுத்தார்கள். பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருந்தது. லேப் முடிவை அனுப்பியது. பஸ் வாங்கிக்கொண்டது. வார்டுக்கு வந்து சேரவில்லை. நான் திரையைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஓடுகிறது, ஓடுகிறது, ஓடுகிறது என்றே காட்டியது. காத்திருந்து பார்த்த சிஸ்டர் லேபுக்குப் போன் செய்திருக்கிறார். “அனுப்பி ரொம்ப நேரமாச்சே சிஸ்டர்” என்றார்களாம். அதற்குள் அந்த அம்மாவின் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிட்டது. தீவிர சிகிச்சைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இப்போது கண் திறந்துவிட்டார், பேசுகிறார். பழைய மூட்டையையே திரும்ப ஏற்றிவிட்டோம்.

விசாரணையில் மேடம் என்னை நேராகப் பார்த்து, “இதைக் கட்டினது யாரு?” என்று கேட்டார். சுற்றிலும் டாக்டர்கள். “என் மனைவி, மேடம்” என்று சொல்லிவிட்டேன். உன் பெயரைச் சொல்ல வேண்டியதாயிற்று. நீ தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அது உண்மைதானே?

வேலை போனாலும் போகும். ஒரு வரி எழுது.

உன் வீட்டுக்காரன்


ஏப்ரல் 22

குட்டியின் அப்பாவுக்கு,

உண்மைதான். கைதட்டிய நாளிலும் அது உண்மையாகத்தான் இருந்தது.

உங்கள் கடிதத்துக்கு முன்பே உங்கள் மேடம் போனில் வந்துவிட்டார். குட்டிக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தேன். நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, “கட்டினது நீங்கதானா?” என்றார். “ஆமாம் மேடம். அந்த அம்மா எப்படி இருக்காங்க?” என்று கேட்டேன். “இந்தக் கேள்வியை இங்க ரெண்டு பேருதான் கேட்டாங்க. நீங்க மூணாவது” என்றார். பிறகு, “வெளியாள் கையில எங்க நிரல் போனதுக்கு உங்களைத் திட்டணும். அதை அப்புறம் வெச்சுக்கலாம். முதல்ல என்ன ஆச்சுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க” என்றார்.

பிழைப் பதிவுகளை அனுப்பிவைத்தார். என் கையால்தான் ஓர் உயிர் போகப் பார்த்தது என்று நினைத்துக்கொண்டு அத்தனை வரிகளையும் படித்தேன். மூட்டைக்குள் அந்த லைப்ரரி இருந்தது. வாங்கிய ஒவ்வொரு முடிவையும் அந்தத் துண்டு தன் வடிவம் இல்லை என்று ஒதுக்கி, யாரும் பார்க்காத பிழை வரிசையில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறது. துண்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது. திரை பொய் சொல்லவில்லை.

சோதனைக் கணினியில் அந்தப் பொது லைப்ரரியை யாரும் நிறுவியிருக்கவில்லை, அதனால் ஓட மறுத்திருக்கிறது. நீங்கள் அதைத் தூக்கி மூட்டைக்குள்ளேயே திணித்தீர்கள். பச்சை விளக்கு எரிந்தது. “எப்படியோ சரிசெய்துவிட்டேன்” என்று எழுதினீர்கள். அந்த எப்படியோவை ஒரு வரியில் எனக்கு எழுதியிருந்தால் நான் அலறியிருப்பேன்.

மேடத்திடம், நான் கட்டிக் கொடுத்ததில் அது இல்லை என்று மட்டும் சொன்னேன்.

“அப்ப யார் வெச்சது?”

“அதை அவரே வந்து சொல்லுவார் மேடம்.”

“சொல்லலைன்னா?”

“சொல்லுவார்.”

உங்கள் மேல் உள்ள நம்பிக்கையில் சொன்னேனா, இல்லை இன்னும் நம்ப முடிகிறதா என்று பார்க்கச் சொன்னேனா, எனக்கே தெரியவில்லை. காலையிலிருந்து ஒரே துணியை இரண்டு தடவை துவைத்திருக்கிறேன்.

குட்டியின் அம்மா


மே 2

ராங்கிக்கு,

சொல்லிவிட்டேன். உடனே போய்ச் சொல்லவில்லை, அதையும் மறைக்க விரும்பவில்லை. அவர் அறைக்கதவு வரை போய்விட்டுத் தண்ணீர் குடிக்கத் திரும்பினேன், பல தடவை. கடைசியில் அவரே வெளியே வந்து, “உள்ள வர்றீங்களா, இல்ல கதவையே பார்த்துட்டு இருக்கப் போறீங்களா?” என்றார்.

எல்லாவற்றையும் சொன்னேன். கைதட்டலையும் சேர்த்து. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. “உங்க வேலையை இங்க முடிச்சுக்கலாம். உங்க கம்பெனிக்கு எழுதறேன்” என்றார். கம்பெனி என்னை நம் ஊர் அலுவலகத்துக்கே மாற்றிவிட்டது. பழைய ஆவணங்களைப் பிரதி எடுக்கும் வேலை. வரும் வாரம் வருகிறேன்.

புறப்படும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். உன்னை அங்கே வேலைக்குக் கேட்டிருக்கிறாராம்.

ராங்கி, நான் உன்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. இதற்கு மட்டும் முடியாது என்று சொல்லிவிடு. வேறு எந்த இடமானாலும் போ, நானே கொண்டுவந்து விடுகிறேன். அந்த அறையில், அதே ஆட்களுக்கு நடுவில் நீ போய் உட்கார்ந்தால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வேன்? நான்தான் வந்துவிடுகிறேனே. முன்பு போல இருப்போம்.

பதில் எழுது. இல்லை, எழுத வேண்டாம், நேரில் பேசிக்கொள்ளலாம்.

உன் வீட்டுக்காரன்


மே 19

குட்டியின் அப்பாவுக்கு,

பூட்டிய வீட்டைப் பார்த்துத் திகைத்திருப்பீர்கள். மாடிவீட்டுக்காரர் சாவி கொடுத்திருப்பார். சமையல் சாமான்களில் பாதியை உங்களுக்கு விட்டுவிட்டு வந்தேன். குக்கர் மூடியின் ரப்பர் புதிது.

நேரில் இருந்து சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். நீங்கள் பையோடு வாசலில் நிற்பீர்கள், முகம் வாடியிருக்கும், நான் முதலில் காப்பி போடுவேன். அதற்குப் பிறகு என்னால் கிளம்ப முடியாது. அதனால் முன்னாடியே கிளம்பிவிட்டேன்.

மேடம் முதல் நாள் காகிதங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பாக்கி வைத்திருந்த திட்டைத் திட்டி முடித்தார். பிறகு ஒரு நாற்காலியைக் காட்டினார். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள், குனிந்துகொண்டார்கள். என் காதுபடவே ஒருவர், “அவரோட வொய்ஃபாம்” என்றார். எனக்கும் முகம் சுட்டது. நீங்கள் பயந்தது இதற்குத்தான் என்று புரிந்தது. ஆனால் அதைத் தாங்கிக்கொண்டு உட்கார முடிகிறது.

இன்று லேப் முடிவைக் கொண்டுபோகும் அந்த ஒரு துண்டை மட்டும் ஏற்றினேன். திரையில் ஓடுகிறது என்று வந்தது. எனக்கு அது போதவில்லை. எழுந்து, படியேறி, ஆறாம் வார்டுக்கே போய் சிஸ்டர் பக்கத்தில் நின்றுகொண்டேன். அவர் திரையைப் பார்த்தார், நான் அவர் முகத்தைப் பார்த்தேன். “வந்துடுச்சு” என்றார். “சரியான ஆளுக்கா?” என்று கேட்டேன். கட்டிலில் மாட்டியிருந்த அட்டையோடு ஒத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பிழை வரிசையில் இனி ஒன்று விழுந்தாலும் அவர் மேஜையில் மணி அடிக்கும்படி செய்திருக்கிறேன்.

ஜன்னலோரக் கட்டிலில் அந்தத் தையல்கார அம்மா. நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். சிஸ்டர் என்னை யாரென்று சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீதான் கம்ப்யூட்டர் பொண்ணா? என் ரத்தத்தோட கணக்கு எங்க போச்சாம், கண்டுபிடிச்சியா?”

“கண்டுபிடிச்சேன்மா.”

“எங்கதான் இருந்துச்சு?”

“ஒரு மூலையில. யாருமே பார்க்காத இடத்துல.”

“அட கண்றாவியே” என்று சிரித்தார். “இனிமே பார்ப்பீங்களா?”

“அதுக்குத்தான் வந்திருக்கேன்” என்றேன். கீழே இறங்கிப் போய் மருந்தகத்துக்கான அடுத்த துண்டைத் திறந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஓர் அறையும் சமையலறையும் கிடைத்திருக்கிறது. குட்டிக்குப் புதுப் பள்ளியின் கோடை வகுப்பு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. “அப்பா எப்ப வருவாரு?” என்று கேட்கிறாள். நான் அவளிடம் உங்களைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

சனிக்கிழமை அவளுக்கு மத்தியானத்தோடு வகுப்பு முடிந்துவிடும். வந்து கூட்டிக்கொண்டு போங்கள், பூங்காவுக்கோ எங்கேயோ. இருட்டுவதற்குள் கொண்டுவந்து விட்டால் போதும். அவளைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்.

என்னைப் பார்க்க இப்போது வர வேண்டாம். முன்பு போல இருப்போம் என்று எழுதியிருந்தீர்கள். முன்பு எப்படி இருந்தோம் என்று இங்கே வந்த பிறகுதான் யோசிக்கிறேன். யோசித்து முடியவில்லை.

குட்டியின் அம்மா