என் குரலுக்கு ஒரு பெட்டி

மார்ச் 4, செவ்வாய்

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டிக் டிக்கென்று சத்தம் வருகிறது. கடிகாரம் போல ஒழுங்காக வந்தாலாவது பரவாயில்லை. கதவுக்கு வெளியே நின்று, தட்டலாமா வேண்டாமா என்று தயங்குகிறவர் தட்டுவது போல வருகிறது.

பார்வையற்ற மாணவர்களுக்காக ஒன்பது வருடமாக நான் வாசித்துப் பதிவு செய்த பாடப் புத்தகங்கள் அத்தனையும் இந்த ஒன்றில்தான் இருக்கின்றன. நூற்றுப் பதினெட்டு. வேறு நகல் இல்லை. படித்தவள்தானே நான்?

அதில் ஜட்ஜம்மாவின் சாட்சியச் சட்டப் புத்தகமும் இருக்கிறது. நாற்பத்தொரு மணி நேரம். போன வாரம்தான் முடித்தேன். அவள் இன்னும் ஜட்ஜ் ஆகவில்லை. முப்பத்தோரு வயது வக்கீல், பிறவியிலேயே பார்வை கிடையாது. நீதிபதித் தேர்வு ஏப்ரல் 20. பட்டப்பெயரும் அவளே வைத்துக்கொண்டதுதான். "இப்பவே கூப்பிட்டுப் பழகிக்குங்கக்கா. அப்புறம் திடீர்னு மரியாதை குடுக்க உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்."

மார்ச் 5, புதன்

இணையத்தில் இடம் வாடகைக்கு எடுக்கலாம் என்றால், மாதா மாதம் ஆயுசுக்கும் கட்ட வேண்டும். இன்று பால்கனியில் துணி காயப்போடும்போது கண்ணில் பட்டது, இவர் ஆபீஸில் கழித்துப் போட்ட பழைய கம்ப்யூட்டர். நான்கு வருடமாக மணி பிளான்ட் தொட்டிக்கு மேடையாக நிற்கிறது.

என் பதிவுகளுக்கு இதுவே பெட்டியாகட்டும் என்று தொட்டியை இறக்கினேன். செடி கோபித்துக்கொள்ளவில்லை.

மார்ச் 8, சனி

பழைய கம்ப்யூட்டர் பாகம் விற்கும் கடை. கவுன்டர் முழுக்க ஒயர் குவியல், அதன் நடுவில் ஒரு மனிதத் தலை. என் பெட்டியைத் திறந்ததும் அந்தத் தலை தும்மியது.

"மேடம், உள்ள விவசாயம் பண்ணியிருக்கீங்களா?"

தொட்டி மண். ஊதி, துடைத்து, உள்ளே எட்டிப் பார்த்தார். "தாராளமா ஓடும். படமா எடுக்கப்போறீங்க? ஃபைலை வெச்சுக் குடுக்கத்தானே. அதுக்கு இது யானை பலம்."

புதிதாக வாங்கியது இரண்டே இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே விழுமாம். கண்ணாடி மாதிரி. "ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணு அப்படியே நிக்கும்."

டிஸ்க் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பக்கத்து சீட்டுப் பெண் "என்ன குழந்தை?" என்று கேட்டிருந்தால் இரட்டை என்று சொல்லியிருப்பேன்.

மார்ச் 9, ஞாயிறு

சாப்பாட்டு மேசை ஆபரேஷன் தியேட்டர் ஆனது. இவருக்கு டார்ச் பிடிக்கும் வேலை.

முதலில் மூன்று தரம் கூவிவிட்டு அப்படியே நின்றுவிட்டது. திரையில் ஒன்றுமில்லை. கடைக்காரருக்குப் போன் போட்டேன். "ரேம் பட்டையைக் கழட்டி, பல்லு இருக்கில்ல, அதைப் பென்சில் ரப்பரால தேய்ங்க." கிண்டல் செய்கிறார் என்றே நினைத்தேன். தேய்த்தேன். திருப்பிச் செருகினேன்.

வந்துவிட்டது! கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மழையாகப் பொழிகிறது. ஒரு வரி புரியவில்லை. எதற்குப் புரிய வேண்டும்? ஏதோ எழுந்து உட்கார்ந்துகொண்டு பேசுகிறது, அது போதும்.

"ஏம்மா, அதுவே சும்மா இருக்கு, நீ ஏன் குதிக்கிற?" என்றார் இவர்.

பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் அளவுக்குச் சிரித்தேன். நாற்பத்தாறு வயதில் ஒரு பென்சில் ரப்பரால் இவ்வளவு சந்தோஷம் வருமா? கல்லூரியில் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் கடைசியாக இப்படிச் சிரித்தேனோ என்னவோ. நடுவில் எங்கே போயிருந்தேன்?

மார்ச் 11, செவ்வாய்

டிக்டிக் டிஸ்க்கை இணைத்து, மேலே மேசை விசிறி வைத்து, முப்பத்தொரு மணி நேரம் காத்திருந்தேன். ஐ.சி.யூ. வாசல் போல வீட்டில் எல்லோரும் — அதாவது இரண்டே பேர் — மெதுவாக நடந்தோம். நூற்றுப் பதினெட்டும் ஏறிவிட்டது. ஏறி முடித்த அரைமணியில் பழைய டிஸ்க் வாயை மூடிக்கொண்டது. வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போன மகராசி.

மார்ச் 13, வியாழன்

அவரவர் வீட்டிலிருந்தே புத்தகத்தை எடுத்துக் கேட்கிறபடி பெட்டியைத் திறந்துவிட்டேன். முதலில் நுழைந்தது ஜட்ஜம்மா.

"அக்கா! உங்க வீட்டுக்குள்ள நிக்கிறேன்!"

"செருப்பைக் கழட்டிட்டு வா."

மார்ச் 15, சனி

ஐயோ.

எழுத வரவில்லை. எழுதினால்தான் உறைக்கும்.

காலையில் ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று உட்கார்ந்தேன். பாட்டு வேறு பாடிக்கொண்டிருந்தேன். 'சாட்சியச் சட்டம்' என்று ஒரு கோப்புறை, 'சாட்சியச் சட்டம் பழையது' என்று ஒன்று. பழையதில் பாதியில் விட்ட நான்கு பதிவுகள்தான். அதை அழிக்கப் போய் — நான் எதை அழிச்சேன்? நல்லதை. நாப்பத்தொரு மணி நேரத்தை. குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகல. நேரா போயிடுச்சு.

பதறவில்லை, முதலில். அதற்குத்தானே இரண்டாவது டிஸ்க்! தெனாவெட்டாகத் திறந்து பார்த்தேன். அதிலும் இல்லை.

இவர்தான் சொன்னார், சாதாரணமாக: "கண்ணாடி முன்னாடி நின்னு பொட்டை அழிச்சா, கண்ணாடில மட்டும் பொட்டு இருக்குமா?"

ஒரு டிஸ்க் செத்தால் காப்பாற்றும். நானே அழித்தால் கூடவே சேர்ந்து அழிக்கும். இதைப் புரிஞ்சுக்க நான் எந்தக் காலேஜுக்குப் போயிருக்கணும்? கடைக்காரர் பெட்டியை உடனே அணைக்கச் சொன்னார். மீட்க முயலலாமாம். வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம், எத்தனை நாள் என்று சொல்ல முடியாது. தேர்வுக்கு முப்பத்தாறு நாள். மறுபடி வாசித்தால், ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம், அதற்கு மேல் தொண்டை தாங்காது. மூன்று வாரம். அப்புறம் அவள் எப்போது படிப்பாள்?

மார்ச் 16, ஞாயிறு

சொல்லாமல் இருக்கலாமா என்று பார்த்தேன். "அவ புத்தகம். அவளுக்குத்தான் முதல்ல தெரியணும்" என்றார் இவர்.

போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அழுறியாம்மா?"

"இல்லக்கா. எப்படிச் சொல்றதுன்னு யோசிக்கிறேன். நீங்க திட்டக் கூடாது."

வாரா வாரம் நான் வாசித்ததை வெட்டித் திருத்தும் முன்னால் அவளுக்குத்தான் அனுப்புவேன். சட்டச் சொற்களைத் தப்பாக உச்சரித்திருந்தால் சொல்லுவாள். கேட்டதும் அழித்துவிடு என்பது என் கட்டளை. இருமல், தடுமாற்றம், வீட்டுச் சத்தம் எல்லாம் கிடக்கும் கச்சாப் பதிவு. வெளியே போனால் மானம் போகும்.

"ஒண்ணுகூட அழிக்கலக்கா. ஏழு மெமரி கார்டு நிறைய இருக்கு."

"ஏன்டி?!"

"நீங்க திருத்தினதுல எல்லா அத்தியாயமும் ஒரே மாதிரி இருக்கு, நியூஸ் வாசிக்கிற மாதிரி. இதுலதான் இடம் தெரியும். வாக்குமூலம்னா குக்கர் விசில். ஆவணம்னா சிலிண்டர்காரர் பெல் அடிக்கிறார். குறுக்கு விசாரணைல அண்ணன் 'என் கண்ணாடிய பாத்தியா'ன்னு கேக்கிறார், நீங்க 'தலைமேல'ன்றீங்க. என்னால மறக்கவே முடியாது."

நான் அழுதேனா சிரித்தேனா என்று இவருக்குத் தெரியவில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ஒன்பது வருடமாக ராத்திரி பகலாக உட்கார்ந்து வெட்டியெறிந்ததைத்தான் அவள் பிடித்துக்கொண்டு படித்திருக்கிறாள்!

மார்ச் 19, புதன்

மீட்கும் வேலை இனி வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, ஏழு கார்டும் ஏற்றியாயிற்று. ஒரு இருமலைக்கூட வெட்டவில்லை. இவருக்குப் பெருமை தாங்கவில்லை: "சட்டப் புத்தகத்துல நம்ம குரலும் இருக்கு."

மார்ச் 22, சனி

புத்தி வந்தது. நகல் என்றால் அது வேறு வீட்டில் இருக்க வேண்டும். நான் அழித்தால் உடனே தானும் அழிக்காத அளவுக்குக் கொஞ்சம் பிடிவாதம் உள்ளதாகவும் இருக்க வேண்டும். இரண்டும் பொருந்துவது ஜட்ஜம்மாதான்.

ஏப்ரல் 5, சனி

அவள் வீட்டில் இரண்டாவது பெட்டி. இதுவும் கழித்துப் போட்டதுதான், கடைக்காரர் தேடித் தந்தார். வாரம் ஒரு தரம் என் பெட்டியிலிருந்து புதியதை வாங்கிக்கொள்ளும். இங்கே அழித்தாலும் அங்கே அழியாது.

பச்சை விளக்கு எரிகிறதா என்று தினம் அம்மாவைக் கேட்டுக்கொள் என்றேன்.

"விளக்கு எதுக்குக்கா? விசிறிச் சத்தம் போதும். காப்பி எடுக்கும்போது கொஞ்சம் மூச்சு வாங்குது. இப்ப வாங்குது பாருங்க."

குனிந்து காது வைத்தேன். ஆமாம்.

காலையில், பெட்டியை மேசைமேல் தூக்கி வைத்துக் கரண்ட் கொடுக்கும்முன், அவள் உள்ளே கைவிட்டு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். இது என்ன, இது எங்கே போகுது, இந்த ரேம் பட்டைல வெட்டு எதுக்கு? ஒரு மணி நேரம். நான்கூட அவ்வளவு பார்த்ததில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு

எழுதிவிட்டு வந்துவிட்டாள். "கேள்வித்தாள் நியூஸ் மாதிரி இருந்துச்சு" என்பதற்கு மேல் பேச மாட்டேன் என்கிறாள். சாப்பிட முடியவில்லை எனக்கு.

மே 30, வெள்ளி

முதல் கட்டம் தேறிவிட்டாள்!! அடுத்தது விரிவான தேர்வு. நான்கு புத்தகம் வாசிக்க வேண்டும். பால் பொங்கி வழிந்ததைப் பார்க்காமல் போனில் கத்திக்கொண்டிருந்தேன்.

ஜூன் 14, சனி

கேட்கிறவர்களில் இன்னும் மூன்று பேர் தங்கள் வீட்டிலும் பெட்டி வேண்டும் என்கிறார்கள். ஒவ்வொரு வீடாக நான் போவது எப்படி?

காலையில் என் பெட்டியில் ஒரு புதுக் கோப்பு கிடந்தது. நான் போட்டதல்ல. 'பெட்டி செய்முறை', இருபத்திரண்டு நிமிடம். ஜட்ஜம்மாவின் குரல்.

"முதல்ல பெட்டியைப் படுக்க வைங்க. இடது கையை உள்ள விடுங்க. பயப்படாதீங்க, கரண்ட் இல்லை. நீளமா, மெல்லிசா ஒண்ணு படும், அதான் ரேம் பட்டை. அதோட அடில ஒரு சின்ன வெட்டு இருக்கும், நடுவுல இல்ல, கொஞ்சம் ஒரு பக்கமா…"

அடுத்த பெட்டி மேசைமேல் பிரித்துக் கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். அவள் சொல்லச் சொல்லக் கை போயிற்று. ஓர் இடத்தில் தடுமாறி, "இருங்க, அவசரமில்ல" என்று அவள் சொல்வதற்கும் நான் நிற்பதற்கும் சரியாக இருந்தது.

பட்டனை அழுத்தினேன். கண்ணைத் திறக்கவில்லை. விசிறி சுழலும் சத்தம் கேட்டது.