சம்பந்தியம்மா ரயிலடியில் சொன்னது

இன்று காலை உன் கைப்பேசி மேசைமேல் கிடந்தபடியே ஒருமுறை மணியடித்தது. அதை அணைத்துவிட எனக்கு மனம் வரவில்லை. ஸ்பானிஷ் சொல்லித்தரும் அந்தச் செயலி, உன்னை வெகுநாளாகக் காணவில்லையே என்று திரையில் கேட்டிருந்தது. கோப்பி ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உனக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

உனக்கு அந்த மொழிமேல் ஆசை வந்தது ஈப்போ ரயிலடியில். மகளின் கல்யாணம் முடிந்து, கொலம்பியாவிலிருந்து மலேசியா வந்திருந்த சம்பந்தியம்மா ஊர் திரும்பிய நாள். கல்யாண வீட்டில் நீங்கள் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டியதுதான் மிச்சம். பேச்செல்லாம் மகள் வழியாகத்தான். ரயில் வரும் நேரத்தில் அந்த அம்மாள் உன் இரண்டு கைகளையும் பற்றி, கண் கலங்க, நெடுநேரம் என்னவோ சொன்னார். நீ மகளைப் பார்த்தாய். அவரோடு கோலாலம்பூர் போகப் பெட்டிகளோடு மல்லாடிக்கொண்டிருந்த அவள், நன்றி சொல்கிறார் என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறிவிட்டாள்.

வீடு வரும்வரை உனக்கு அதே நினைப்பு.

"அவ்வளவு நேரம் பேசுனதுக்கு ஒரே ஒரு தேங்க்ஸா? ஏதோ கேட்டாங்கங்க. கேட்டுட்டுப் பதிலுக்கு நின்ன மாதிரி இருந்துச்சு லா."

மகளிடம் மறுபடி கேட்டாய். அவளுக்கு நினைவில்லை; அன்று தள்ளி நின்றிருந்த மாப்பிள்ளை அதைக் கேட்கவே இல்லை. அடுத்த வாரமே கைப்பேசியில் பாடம் தொடங்கிவிட்டாய். தாப்பா பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, பள்ளிக் கேன்டீன் நடத்திய காலத்தில் சந்தைச் சீனர்களிடமே கேன்டனீஸ் கற்றவள் நீ. புது மொழி என்றால் உனக்குப் பயம் கிடையாது. எனக்குத்தான், இந்த வயதில் எதற்கு என்று இருந்தது. சமையலறையில் நீ உரக்கப் படிக்க, நான் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

என் செய்தித்தாள் கீழே இறங்கியது 'மே குஸ்தா' பாடத்தன்றுதான். எனக்குப் பிடிக்கும் என்று பொருள். அதை விளக்க அந்தச் செயலி ஆங்கிலத்தில் படாத பாடு பட்டது. கோப்பி எனக்கு இன்பம் தருகிறது என்று சுற்றி வளைத்தது. நீ சிரித்துவிட்டாய்.

"எனக்குக் கோப்பி பிடிக்கும். எனக்குத் தலை வலிக்குது. நம்ம மாதிரிதாங்க பேசுறாங்க. இங்கிலீஷ்காரன்தான் தலைகீழாப் பேசுறான்."

அன்றிலிருந்து நானும் உன்னோடு உட்கார்ந்தேன். 'நான்' என்று சொல்லாமலே வினையின் வால் ஆளைக் காட்டிவிடும், நம் 'வாரேன்' போல. சம்பந்தி என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் கிடையாது. அவர்களிடம் இருக்கிறது, 'கொன்சுவெக்ரா'. அதைக் கண்டுபிடித்த நாள் முழுக்க நீ என்னை வேறு வேலை செய்ய விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில், அவர்களுக்குச் சனிக்கிழமை மாலையில், சம்பந்தியம்மாவை அழைப்பாய். முதலில் முழுமுழு வாக்கியமாகத்தான் பேசினாய். செய்தி வாசிப்பவர் மாதிரி இருக்கிறது என்று, கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை சிரித்தார். நீ வருத்தப்படவில்லை. அப்படியானால் வீட்டில் எப்படிப் பேசுவீர்கள் என்று அவரைக் குடைந்தாய். தம் ஊரில் பேச்சின் முடிவில் 'புவெஸ்' என்று ஒன்றைச் சும்மா சேர்ப்போம் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்றாய். அர்த்தம் ஒன்றும் இல்லை, ஆனால் இல்லாவிட்டால் நன்றாக இருக்காது என்றார்.

"அட, நம்ம ஊர்ப் பேச்சுல வர்ற லா!" என்றாய்.

அடுத்த ஞாயிறு பேச்சை முடிக்கும்போது 'புவெனோ, புவெஸ்' என்றாய். சரி லா என்பது போல. சம்பந்தியம்மா தன் கணவரைக் கூவி அழைத்து, இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

தப்பும் நடந்தது. வீடு கழுவிய களைப்பைச் சொல்ல 'கான்சாதா' என்பதற்குப் பதில் 'காசாதா' என்றுவிட்டாய். எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று அர்த்தம். எனக்கும்தான், அதனால்தான் எனக்கும் களைப்பு என்றார் சம்பந்தியம்மா. இரண்டு பேரும் சிரித்து ஓய நெடுநேரம் ஆயிற்று.

ஓராண்டுக்குப் பிறகு ஒரு ஞாயிறன்று, ரயிலடியில் என்ன சொன்னீர்கள் என்று நீயே கேட்டாய். அவர் மெதுவாகச் சொன்னார். நீ இடையிடையே நிறுத்தி, திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாய். அழைப்பு முடிந்ததும் என்னிடம் வந்தாய்.

"அவங்க பையன் மனசு சரியில்லன்னா பேச மாட்டாராம். வாயை மூடிக்குவாராம். நான் தூரத்துல இருக்கேன், நீங்க கிட்ட இருக்கீங்க, பார்த்துக்குவீங்களான்னு கேட்டாங்களாம். பிள்ளைய என்கிட்ட ஒப்படைச்சுட்டுப் போயிருக்காங்கங்க. நான் பதிலே சொல்லல."

இன்றைக்காவது பதில் சொல்லிவிட்டாயா என்று கேட்டேன். தலையாட்டினாய்.

அந்த ஆண்டுக் கடைசியில் மாப்பிள்ளைக்கு வேலை போயிற்று. அவர் பேசுவதே இல்லை என்று மகள் கோலாலம்பூரிலிருந்து சொன்னதும் நீ முதல் ரயிலைப் பிடித்தாய். நான்கு நாள் அங்கே சமைத்தாய், எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அவராகவே வந்து சமையலறையில் உட்கார்ந்து, தன் மொழியிலேயே கொட்டித் தீர்த்திருக்கிறார். பாதிதான் புரிந்தது, ஆனாலும் பேசட்டும் என்று விட்டுவிட்டேன் என்றாய்.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் உன் நெஞ்சில் இறங்கியது. ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சம்பந்தியம்மாவுக்கு யார் சொல்வது? மகளால் முடியவில்லை. மாப்பிள்ளை கைப்பேசியை எடுத்தார், திரும்ப வைத்தார். நான் சொல்கிறேன் என்றேன். உன்னோடு உட்கார்ந்து கேட்டதைத் தவிர, அதுவரை அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. பாடத்தில் வருவது போலவே, என் மனைவி இறந்துவிட்டாள் என்றேன்.

அவர், "சே நோஸ் ஃபுவே" என்றார்.

போய்விட்டாள் என்ற வினை எனக்குத் தெரியும். நடுவில் இருந்த அந்த 'நோஸ்' எதற்கு என்று அப்போது விளங்கவில்லை. காரியம் முடிந்தபின் மாப்பிள்ளைதான் விளக்கினார். வெறுமனே போய்விட்டாள் என்பதில்லையாம். நம்மிடமிருந்து, நமக்கு இழப்பாக, போய்விட்டாள் என்பதாம். எங்கோ கொலம்பிய மலைகளில் இருக்கும் ஒரு பெண், உன்னை இழந்தவர்களோடு தன்னையும் சேர்த்துக்கொண்டார்.

இப்போது ஞாயிறுதோறும் நான்தான் அழைக்கிறேன். என் பேச்சு உன்னுடையதைவிட மோசம், அவர் பொறுத்துக்கொள்கிறார். இந்த வாரம் 'ஓஹலா' என்று ஒரு சொல் கற்றேன். இப்படி நடந்தால் நன்றாயிருக்குமே என்று ஏங்கும் சொல். ஸ்பெயினுக்கு அரபுக்காரர்கள் கொண்டுவந்ததாம். உள்ளே இறைவன் பெயர் ஒளிந்திருக்கிறதாம். நாம் மாக்சிக் என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு மலாய் அம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வாய்க்கு வாய் சொல்லும் 'இன்ஷா அல்லா'வுக்கு அது உறவு. அவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவருக்கும் ஆச்சரியம்தான். ஆனால் நீ கேட்டிருந்தால் அன்று முழுக்க என்னை வேறு வேலை செய்ய விட்டிருக்க மாட்டாய்.

ஓஹலாவுக்குப் பின்னால் வரும் வினைக்குச் சில இடங்களில் ஒரு தனி வடிவம் உண்டு. இல்லாததை, இனி நடக்க முடியாததை விரும்பும்போது வருவது. நம் தமிழில் அதை எப்படியெல்லாமோ சுற்றிச் சொல்லிக்கொள்கிறோம். மாப்பிள்ளை எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தும் மற்ற வினைகளில் எனக்குத் தடுமாற்றம்தான். "ஓஹலா எஸ்துவியேராஸ் அகி", நீ இங்கே இருக்கக் கூடாதா என்ற அந்த ஒன்று மட்டும் எனக்குத் தப்புவதே இல்லை.