கதிருக்கு மட்டும் தெரிந்த நடுக்கம்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து குன்னூர் முழுக்க மூடுபனி. எதிர் வீட்டுக் கூரை இருந்தது, இல்லை, மறுபடி இருந்தது. துணி காயவே இல்லை.

காரில் ஆபீஸ். கதிர் ஓட்டும்போது பேச்சு கிடையாது. காது கேட்காதவருக்குக் கைதான் பேச்சு, கை இரண்டும் ஸ்டியரிங்கில். கல்யாணமான நாளிலிருந்து எனக்குப் பிடித்த நேரம் இதுதான். கண்ணாடிக்கு வெளியே தேயிலைச் சரிவு வந்துகொண்டே இருக்கும். பாதி விழிப்பு, பாதித் தூக்கம்.

ஆபீஸ் இருக்கும் ஃபேக்டரியின் கேட்டில் நிறுத்திவிட்டுக் கையால் சொன்னார்: "வண்டி நடுங்குது."

எங்கே என்றேன். சீட்டைத் தட்டினார். "ஏத்தத்துல, மெதுவாப் போகும்போது. உள்ள யாரோ குளிர்ல நிக்கிற மாதிரி."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சாயங்காலம் பார்க்கலாம் என்று தலையாட்டினேன். நம்பவில்லை என்று கண்டுபிடித்துவிட்டார். முகத்தைப் படிக்கிறவரிடம் எதை மறைப்பது?

வாங்க வேண்டியது: புளி, கொசுவர்த்தி, அவர் ஸ்வெட்டருக்குப் பட்டன்.

நவம்பர் 5, புதன்

மழை. மத்தியானம் கோயமுத்தூர் சர்வீஸ் சென்டருக்கு போன். எடுத்தவர் பெயர் பிரவீன், சர்வீஸ் அட்வைசர். இனிமையான குரல்.

"ஆட்டோமேட்டிக் வண்டிங்க, கியர் ஆயில் மாத்த இன்னும் நிறைய கிலோமீட்டர் இருக்குதுங்க மேடம். சத்தம் ஏதாச்சும் வருதுங்களா?"

"சத்தம் இல்லைங்க. நடுக்கம்."

"உங்களுக்குத் தெரியுதுங்களா?"

"வீட்டுக்காரருக்குத் தெரியுதுங்க."

சனிக்கிழமை கொண்டுவரச் சொன்னார்.

வீடு திரும்பியபோது கதிர் ஜன்னலோரம். பல் டாக்டர் ஒருவர் கொடுத்த ஆர்டருக்குப் பல் செட் செய்துகொண்டிருந்தார், அதுதான் அவர் தொழில். கீழ்வரிசை மேசையில் கிடந்து யாருடைய வாயும் இல்லாமல் சிரித்தது. கண்ணை மூடி, விரலால் தடவித்தான் அவர் மேடு பள்ளம் பார்ப்பார். பார்த்துக்கொண்டே நின்றேன். டீ ஆறிவிட்டது.

நவம்பர் 8, சனி

கீழே இறங்க இறங்க வெயில். ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்ததும் தூக்கம்.

சர்வீஸ் சென்டர் காத்திருக்கும் அறை. மீன் தொட்டி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கார்களைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள், வயிறு தெரிய. பக்கத்து நாற்காலி அம்மாள் போனில்: "சாம்பார்ல உப்பு போடல, நீயே போட்டுக்க."

பிரவீன் மெயின் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். "ஸ்மூத்தா போகுதுங்க."

கதிர் கையைச் சாய்த்து ஏற்றம் காட்டினார். "ஏத்தத்துல மட்டும்னு சொல்றாருங்க" என்றேன்.

பிரவீன் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். கேட்காதவர் முன் எதற்குத் தாழ்த்த வேண்டும்? "தப்பா நினைக்காதீங்க மேடம். சாருக்குக் காது கேக்காதுல்லீங்களா, அதனால சும்மா இருக்கறதும் பெருசாத் தெரியுமோ என்னமோ."

"என்ன சொல்றார்?" என்றார் கதிர்.

வண்டி நல்லா இருக்காம் என்று மட்டும் காட்டினேன். வாட்டர் வாஷ் செய்து கொடுத்துவிட்டார்கள்.

திரும்பும்போதுதான். பர்லியார் தாண்டி, மூன்றாவதோ நான்காவதோ கொண்டை ஊசி வளைவு. முன்னால் போன பஸ் நின்றது. நாங்களும். பின்னால் இன்னொரு பஸ். கிளம்பும்போது வண்டி உதறியது. இந்தத் தடவை எனக்கும் தெரிந்தது, பல்வரிசை வரைக்கும். ஏறாமல் பின்னால் சரிந்தது. பின்பஸ்காரன் ஹார்னை அழுத்தியவன் எடுக்கவே இல்லை. கதிர் பிரேக்கை மிதித்தார், மறுபடி ஆக்ஸிலேட்டர் கொடுத்தார், பிடித்துக்கொண்டு ஏறியது. நிதானமாகத்தான் செய்தார். ஏறியதும் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

வீட்டில்: "ஹார்ன் அடிச்சானா?" ஆமாம். "ரொம்ப நேரமா?" ஆமாம்.

சாவியை ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிட்டார், இனி ஓட்டமாட்டேன் என்பதுபோல.

நவம்பர் 9, ஞாயிறு

பனி. அண்ணன் போன், சூலூரிலிருந்து. "வித்துப்போடு அம்மணி. வெளிய போறதுன்னா ஆக்டிங் டிரைவரக் கூப்பிட்டுக்கங்க. மாப்பிள்ளைக்கு எதுக்கு இந்த மலையில ரிஸ்க்?"

போனை வைக்கும் முன்பே கதிர்: "விக்கலாம்." என் உதட்டைப் பார்த்தாரா, முகத்தையா, தெரியாது.

வேண்டாம் என்றேன். பிறகு பிரவீன் சொன்னது முழுவதையும் சொல்லிவிட்டேன், குரல் தாழ்த்தியது உட்பட. கதிர்: "அங்கயே சொல்லியிருந்தா அவனை மலைக்குக் கூட்டிட்டு வந்திருப்பேன்." அவ்வளவுதான். போய்ப் பல்லுக்குப் பாலிஷ் போட உட்கார்ந்தார். முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகிடம் கையால் பேச முடியாது.

நவம்பர் 10, திங்கள்

மினி பஸ்ஸில் ஆபீஸ். எத்தனை பேச்சு! "லீவு கேட்டா மொகத்தத் திருப்பிக்கறாருங்க." "ஏனுங்க, கேரட் என்ன வெல போச்சு?" ஜன்னலோரம் கிடைத்தும் தேயிலைச் சரிவு மனசுக்குள் வந்து சேரவில்லை. எங்கள் காரின் அமைதி எனக்கு வேண்டும்.

சர்வீஸ் சென்டருக்கு மறுபடி போன். நடந்ததைச் சொன்னேன். "தட்டையான ரோட்டுல பாக்காதீங்க. ஒருத்தரு மேல குன்னூருக்கு வாங்க. எங்க வீட்டுக்காரர பக்கத்துல உக்கார வெச்சு ஓட்டிப் பாருங்க. அப்புறம் என்ன வேணும்னாலும் சொல்லுங்க."  

"நானே வர்றனுங்க" என்றார் பிரவீன்.

நவம்பர் 12, புதன்

அரை நாள் லீவு. பிரவீன் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார், மெல்லிய சட்டையில், விறைத்துப்போய். கதிர் தன் மப்ளரைக் கொடுத்தார்.

பிரவீன் ஓட்ட, கதிர் பக்கத்தில், நான் பின்னால். மழை விட்ட ரோடு. முதல் ஏற்றம். கதிர் விரலை உயர்த்தினார். பிரவீன் உதட்டைப் பிதுக்கினார். இரண்டாவது ஏற்றம். மெதுவாக என்று சைகை காட்டிவிட்டு, கதிர் பிரவீனின் இடது கையைப் பிடித்துக் கியர் லீவர் மேல் வைத்து, மேலே தன் கையை வைத்து அமுக்கிக்கொண்டார். கார் நத்தைபோல ஏறியது. இரண்டு பேரும் எதையோ ஒட்டுக்கேட்பதுபோல் இருந்தார்கள். பனி கண்ணாடியில் உட்கார்ந்தது. யாரும் துடைக்கவில்லை.

"ஆமாங்க," என்றார் பிரவீன். "இருக்குதுங்க."

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிரவீன் முகத்திலேயே கதிர் பார்த்துவிட்டார்.

ஓரமாக நிறுத்தினோம். "ஆயில் கெட்டிருக்குமுங்க மேடம். நின்னு நின்னு மலையேறற வண்டிக்கு முன்னாடியே மாத்தோணும். அன்னைக்கு நான் பேசுனதும் தப்புங்க." கொஞ்சம் தயங்கி, "ஸாரின்னு எப்படிங்க காட்டறது?"

உள்ளங்கையை நெஞ்சில் வைத்துச் சுற்ற வேண்டும், எங்கள் வழக்கம். காட்டினேன். அவர் செய்தார். கை கொஞ்சம் இறங்கி வயிற்றில் சுற்றியது. அது பசி.

கதிர் விழுந்து விழுந்து சிரித்தார். "கூட்டிட்டுப் போய் முதல்ல சோறு போடு."

ரசம், முட்டைப் பொரியல். மத்தியானம் காரைப் பிரவீனே மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டு போனார், மப்ளரோடு.

நவம்பர் 15, சனி

பஸ்ஸில் கோயமுத்தூர். "சார் வரட்டும்னு வெச்சிருக்கோங்க" என்றார் பிரவீன். வழக்கமாக விடாத இடத்துக்குள் கதிரைக் கூட்டிப்போனார். நான் கண்ணாடி வழியாக. கார் உயரத்தில். அடியில் எதையோ திருகியதும் பழைய ஆயில் இறங்கியது, கறுத்த கஷாயம். புதியது மாதுளைச் சாற்று நிறம். கதிர் இரண்டிலும் விரல் வைத்துத் தேய்த்துப் பார்த்தார், கண்ணை மூடி. ஒரு தடவை மாற்றினால் பழசு முழுக்கப் போகாதாம். ஓட்டிவிட்டு வந்து மறுபடி இறக்கி, மறுபடி ஊற்றினார்கள்.

அதற்குள் தூங்கிவிட்டேன். கனவில் குன்னூர் மொத்தத்தையும் கார் தூக்கும் லிஃப்டில் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். அடியிலிருந்து சொட்டுச் சொட்டாக மூடுபனி வடிந்தது. வீடுகளில் எல்லாரும் அவரவர் பாட்டுக்குச் சமைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மேல வரைக்கும் ஓட்ட எங்காளு ஒருத்தர அனுப்பட்டுங்களா?" பிரவீன் சாவியை நீட்டிக்கொண்டே கேட்டார்.

கதிர் வாங்கவில்லை. என்னைப் பார்த்தார். "நீ சொல்லு. வழியில நான் பார்க்கறது உன் முகத்தைத்தான்."

"நீங்களே ஓட்டுங்க," என்றேன், கையாலும் வாயாலும்.

வாங்கிக்கொண்டார்.

அதே வளைவு. பின்னால் லாரி, ஹார்ன். கை இரண்டும் மடியில்தான் இருந்தன. மனசு மட்டும் காதைப் பொத்த ஓடிவிட்டுத் திரும்பியது. பின்னால் லாரி என்று அவர் தோளில் தட்டினேன். கண்ணாடியில் பார்த்து, ஒதுங்கி, வழிவிட்டார். மறுபடி ஏறினோம். மேகத்துக்குள் நுழைந்தது எப்போது என்று தெரியவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

வெயில்! எல்லாத் துணியும் கயிற்றில். அண்ணனுக்கு போன், விற்கவில்லை என்று சொல்லியாயிற்று. "உங்க இஷ்டம்" என்றார், இஷ்டமில்லாமல்.

டீக்குப் பிறகு கதிர் கூப்பிட்டார், காரில் ஏறச்சொல்லி. எங்கே? சொல்லவில்லை. எஸ்டேட் ரோட்டின் செங்குத்தான ஏற்றத்துக்குக் கீழே நிறுத்தி, "செருப்பைக் கழட்டு. காலைத் தரையில வை."

வைத்தேன். ஜில்லென்று. நத்தைபோல ஏறினோம். அவரைப்போல நானும் கண்ணை மூடிக்கொண்டேன். இலை வாசனை. எங்கோ நாய் குரைத்தது. பாதத்தை அழுத்தி அழுத்தித் தேடினேன்.

மேலே நிறுத்திவிட்டுத் தோளைத் தட்டினார். "ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

"ஒண்ணுமே தெரியலைங்க."

"அதேதான்," என்றார்.